4,500 கல்யாணப் படம், ஆல்பத்துக்கு 180: கழிக்கிற வேலையில் ஒன்பது வருட அனுபவம்

முகூர்த்தம் முடிந்து வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது ஹோமப் புகை வாசனை இன்னும் அதில் இருக்கும். மேஜையில் நாலு கார்டு. முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பும் ரிசப்ஷனும், மறுநாள் காலை முகூர்த்தம், இரண்டு கேமரா என்றால் 4,500 படம் என்பது இன்றைக்குச் சாதாரணம். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல், அதாவது கேமரா பதிகிற மூல ஃபைல், ஏறக்குறைய 28 எம்பி வருகிறது. மொத்தம் 126 ஜிபி. பார்ட்டிக்குக் கொடுக்கப்போவது எழுநூறு படம், 12×36 அங்குல ஆல்பத்தில் ஏறப்போவது நூற்றெண்பது. இந்த நடுவில் இருக்கிற வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். படம் எடுப்பதைப் பற்றிச் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள், கழிப்பதைப் பற்றிப் பேச ஆள் குறைவு.

கும்பகோணம் பக்கம் கல்யாணப் படம் எடுக்கிறேன். 2016-இல் படங்களை அடுக்கவும் திருத்தவும் உதவுகிற லைட்ரூம் 6 மென்பொருளை வாங்கி ஆரம்பித்தேன். ஒரே தடவை காசு கொடுத்தால் போதும் என்கிற கடைசிப் பதிப்பு அது. 2017 அக்டோபரில் லைட்ரூம் கிளாசிக் என்று பெயர் மாறி, சந்தா மட்டும்தான் என்றானது. சந்தா கட்டுவதை நிறுத்தினால் படமெல்லாம் பூட்டிக்கொள்ளும் என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். அப்படி இல்லை. படத்தைத் திருத்துகிற டெவலப், எடுத்த இடத்தை வரைபடத்தில் காட்டுகிற மேப் என்ற இரண்டு பகுதிகள்தான் நிற்கும். படங்களைப் பார்க்கலாம், தேடலாம், எக்ஸ்போர்ட்டும் செய்யலாம். சந்தாவே வேண்டாம் என்பவர்களுக்கு டார்க்டேபிள் இருக்கிறது, இலவசம். அதில் 1 முதல் 5 வரை நட்சத்திரம், ஆர் அழுத்தினால் ஒதுக்கல், எஃப்1 முதல் எஃப்5 வரை கலர் குறி. என் தம்பி ஒருவன் லினக்ஸில் அதை மட்டும் வைத்தே சீசன் முழுக்கத் தள்ளுகிறான், வேலையில் குறை சொல்ல முடியாது.

முதல் மூன்று வருடம் நான் செய்த தவறு, கழிக்கிற வேலையையும் எடிட்டிங்கையும் ஒன்றாகவே செய்தது. ஒரு படம் பிடித்திருந்தால் உடனே டெவலப்புக்குப் போய் எக்ஸ்போஷரைத் தொடுவேன். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அதே இடத்தில் அடுத்த படம் இன்னும் நன்றாக இருக்கும். இப்போது கழித்து முடிக்கும் வரை ஒரு ஸ்லைடரைக்கூடத் தொடுவதில்லை.

கழிப்பதற்கு ஃபோட்டோ மெக்கானிக். 1998-லிருந்து இருக்கிறது, பத்திரிகைக்காரர்கள் கையில் வளர்ந்த மென்பொருள். அதன் வேகத்துக்குக் காரணம் எளிது. ஒவ்வொரு ரா ஃபைலுக்குள்ளும் கேமரா ஒரு ஜேபெக் படத்தைப் பொதிந்து வைக்கிறது. ஃபோட்டோ மெக்கானிக் ராவைப் பிரித்துக் கணக்குப் போடாமல் அந்த ஜேபெக்கை மட்டும் எடுத்துக் காட்டிவிடும். அம்புக்குறியை அழுத்தினதும் அடுத்த படம் கண் முன்னால் நிற்கும். லைட்ரூமிலும் இம்போர்ட் செய்யும்போது 'எம்பெடெட் அண்ட் சைட்கார்' என்று பிரிவ்யூ வகையைத் தேர்ந்தெடுத்தால் ஏறக்குறைய இதே வழிதான், தனியாக இன்னொன்று வாங்க வேண்டாம் என்பவர்கள் அதில் தொடங்கலாம். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: சில பழைய கேமராக்களில் அந்த உள் ஜேபெக் 1616×1080 அளவுதான். பெரிதாக்கினால் எல்லாமே ஃபோகஸ் போன மாதிரி தெரியும். அந்த மாதிரி கேமரா என்றால் ராவோடு ஜேபெக்கும் சேர்த்து எடுத்துவிடுங்கள். ஷார்ப்பான படங்களை மங்கல் என்று நானே ஒதுக்கிய ஒரு ராத்திரி உண்டு.

எப்படிக் கழிப்பது? கெட்டதைத் தூக்கிப் போடுவது ஒரு வழி, நல்லதை எடுத்து வைப்பது இன்னொரு வழி. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் இல்லை. கெட்டதைத் தூக்குகிறேன் என்று உட்கார்ந்தால் ஒவ்வொரு படத்துக்கும் குற்றம் தேட வேண்டியிருக்கும், குற்றம் இல்லாததெல்லாம் தங்கிவிடும். 4,500-இல் 3,600 மிஞ்சும். எடுத்து வைக்கிறேன் என்று உட்கார்ந்தால் கை தானாகவே சிக்கனமாகிறது. ஒரு படத்துக்கு இரண்டு விநாடி, இரண்டரை மணி நேரத்தில் 900 கையில் இருக்கும். ஒரு நட்சத்திரம் போட்டால் எடுத்தது, போடாவிட்டால் இல்லை, அவ்வளவுதான். கொடி (ஃப்ளாக்) என்கிற குறியைப் போடாமல் நட்சத்திரம் போடுவதற்குக் காரணம், நட்சத்திரம் படத்தின் குறிப்புகளைச் சேமிக்கிற எக்ஸ்எம்பி ஃபைல் வழியாக எந்த மென்பொருளுக்குப் போனாலும் கூடவே வரும். லைட்ரூமிலேயே செய்பவர்கள் கேப்ஸ் லாக்கைப் போட்டுவிட்டால் குறியிட்டதும் அடுத்த படத்துக்கு அதுவே நகரும். ஒரு கல்யாணத்துக்குத் தொள்ளாயிரம் அழுத்தல் மிச்சம், மணிக்கட்டு வாழ்த்தும்.

இந்த முறையில் ஒரு ஓட்டை இருந்தது. அழகான படங்கள் வந்துவிடும், ஆள் விட்டுப்போவார்கள். ஃபோகஸ் சரியில்லை, கலர் சரியில்லை என்று பார்ட்டி என்னிடம் சண்டைக்கு வந்ததே இல்லை. "எங்க சின்ன மாமனார் ஒரு படத்துல கூட இல்லையே" என்றுதான் வருவார்கள். சின்ன மாமனார் இருந்திருப்பார். அவர் நின்ற பதினொரு படத்திலும் பக்கத்தில் ஒருவர் கண்ணை மூடியிருப்பார், அல்லது பின்னால் பந்திக்குப் போகிற ஒருவர் முதுகு தெரியும், நான் கழித்திருப்பேன். அவர்கள் குடும்பத்தில் அது ஒரு வருடத்துக்குப் பேச்சாக இருக்கும். கல்யாண ஆல்பத்தில் ஒருவர் இல்லை என்றால் வேண்டுமென்றே விட்டதாகத்தான் அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். நல்ல படம் பொறுக்குவது என் வேலையில் பாதிதான், யாரும் விடுபடாமல் பார்ப்பது மீதிப் பாதி. இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாலு சீசன் ஆனது.

அதற்குக் கைகொடுப்பது லைட்ரூமில் இருக்கிற பீப்பிள் வியூ. லைட்ரூம் 6-இலிருந்தே உண்டு, ஆனால் என்னோடு வேலை செய்கிறவர்களில் பாதிப்பேர் திறந்தே பார்த்ததில்லை. லைப்ரரியில் ஓ அழுத்தினால் முகங்களை அடுக்கடுக்காகச் சேர்த்து வைக்கும். 4,500 படத்தையும் உள்ளே போட்டு ஓடவிட்டு, மறுநாள் பெண் வீட்டிலிருந்து ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வேன். பெரும்பாலும் அத்தைதான் வருவார்கள், அவர்களுக்குத்தான் இரண்டு பக்க உறவும் தெரியும். அரை மணி நேரத்தில் பெயர் போட்டுவிடலாம். பிறகு நட்சத்திரம் போட்ட 900-ஐ மட்டும் வடிகட்டிப் பார்த்தால் யார் காணாமல் போயிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பக்கவாட்டு முகங்களில் தடுமாறும், அக்கா தங்கைகளைக் குழப்பும். ஒரு கல்யாணத்தில் இருபத்து மூன்று படம் உள்ள ஓர் அடுக்குக்குப் பெயர் இல்லாமல் நின்றது. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் பார்த்து, "அது நம்ம சமையல் மாஸ்டர் தம்பி. முப்பது வருஷமா நம்ம வீட்டு விசேஷம் எல்லாத்துக்கும் அவர்தான். ஒண்ணு நல்லதா வைங்க" என்றார்கள். எந்த அளவுகோலில் அளந்திருந்தாலும் அந்த மனிதர் ஆல்பத்துக்கு வந்திருக்க மாட்டார்.

செயற்கை நுண்ணறிவு வைத்துக் கழிக்கிற மென்பொருள் ஒன்றை ஒரு சீசன் முழுக்க ஓட்டினேன். பெயர் வேண்டாம், எல்லாமே ஏறக்குறைய ஒரே வழியில்தான் யோசிக்கின்றன: கண் திறந்திருக்கிறதா, முகம் தெளிவா, இதே மாதிரி இன்னொன்று இருக்கிறதா. ரிசப்ஷன் மேடைப் படங்களுக்கு அது வரம். வரிசையில் நின்று, மொய்க் கவரைக் கொடுத்து, சிரித்து இறங்குகிற நானூறு குரூப் படங்களில் எல்லோர் கண்ணும் திறந்திருக்கிற ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடும். அந்த வேலைக்கு இன்றும் வைத்திருக்கிறேன்.

முகூர்த்தத்தில் அது தோற்றது. கெட்டிமேளம் தொடங்கியதிலிருந்து அட்சதை ஓய்கிற வரை ஒரு கல்யாணத்தில் என் கேமராவில் 112 படம். பெண் தலையைக் குனிந்து கண்ணை மூடியிருக்கிறாள், அந்த நேரத்தில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் இருப்பார்கள். பின்னால் நாத்தனார் இரண்டாவது முடிச்சுக்காகக் குனிந்து கை நீட்டுகிறார். 37-ஆவது படத்தில் அட்சதை காற்றில் இருக்கிறது, ஓர் அரிசிமணி பெண்ணின் அப்பாவின் கண்ணுக்கு நேராக. வீசிய கை இன்னும் மேலேயே நிற்கிறது. தாலியைப் பார்க்காமல் மகள் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த மென்பொருள் இதைச் சிவப்பில் போட்டிருந்தது: பெண்ணின் கண் மூடியிருக்கிறது, பின்னால் முகம் மறைகிறது. பரிந்துரைத்தது 91-ஆவது படம், சடங்கு முடிந்து எல்லோரும் நிமிர்ந்து கேமராவைப் பார்ப்பது. ஹோமப் புகையில் எடுத்ததையெல்லாம் மங்கல் என்று தள்ளியிருந்தது. ஆசீர்வாதம் பண்ணும்போது கண்ணை மூடிக்கொள்கிற பாட்டிமார்கள் ஒருவர்கூடத் தப்பவில்லை. அன்றிலிருந்து காலை முகூர்த்தப் படங்களை எந்த இயந்திரத்திடமும் கொடுப்பதில்லை. அந்த 112-ஐயும் லைட்ரூமில் 'N' விசையை அழுத்தி, பல படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டுகிற சர்வே வியூவில் ஆறு ஆறாகப் பரப்பி நானேதான் பார்க்கிறேன்.

இரண்டு கேமராவின் கடிகாரம் ஒத்துப்போகாதது இன்னொரு தொல்லை. என்னுடைய கேமராவுக்கும் உதவியாளருடையதற்கும் ஏழு நிமிடம் வித்தியாசம் இருந்ததால், நேர வரிசையில் அடுக்கியபோது மாலை மாற்றுவதற்கு முன்பே ஊஞ்சல் பாட்டு வந்து நின்றது. லைட்ரூமில் எடிட் கேப்சர் டைம் இதைச் சரிசெய்யும்: இரண்டாவது கேமராவின் எல்லாப் படத்தையும் தேர்ந்தெடுத்து, ஒரு படத்துக்குச் சரியான நேரத்தைக் கொடுத்தால் மற்றதெல்லாம் அதே அளவு நகரும். இதற்காகவே இப்போது மண்டபத்துக்குள் நுழைந்ததும் இருவரும் ஒரே செல்போன் கடிகாரத்தை ஒரு படம் எடுத்துவிடுகிறோம்.

எடிட்டிங்கைப் பொறுத்தவரை, படம் படமாகச் செய்யாமல் வெளிச்சம் வெளிச்சமாகச் செய்யுங்கள். மணவறை ஒன்று, பந்தி ஹாலின் ட்யூப்லைட் ஒன்று, வாசல் பந்தல் ஒன்று, ஊதா எல்இடி போட்ட ரிசப்ஷன் மேடை ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு படத்தை ஒழுங்காகச் செய்து அதே திருத்தத்தை மற்றதுக்கும் நகலெடுக்கிற சிங்க் கொடுத்தால் எழுநூறு படம் ஒரு பகலில் முடியும். ஒயிட் பேலன்ஸுக்கு, அதாவது எது வெள்ளை என்று மென்பொருளுக்குக் காட்டுவதற்கு, மாப்பிள்ளை வேட்டியில் ட்ராப்பரை வைக்காதீர்கள். பட்டு வேட்டி வெள்ளை இல்லை, சந்தன நிறம். அதில் வைத்தால் முகமெல்லாம் நீலம் பூத்துவிடும். ஐயர் வேட்டியில் வைத்தால், அது நீலம் போட்டுத் துவைத்தது, படம் மஞ்சளாகும். மணவறையில் விளக்கு போட்டதும் நிறம் அளக்க உதவுகிற சாம்பல் அட்டையான ஒரு கிரே கார்டைப் பிடித்து ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

மஞ்சளைக் குறைப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. முகத்தில் மஞ்சள் தூக்கலாகத் தெரிகிறதே என்று ஒட்டுமொத்தமாக மஞ்சள் ஸ்லைடரை இறக்கினால் தாலிக்கயிறும் சேர்ந்து வெளுக்கும். மஞ்சள் கயிறு மஞ்சளாக இல்லாத கல்யாணப் படத்தை எந்த அம்மாவும் ஏற்க மாட்டார்கள். 2022 அக்டோபரில் லைட்ரூமில் ஆட்களைத் தனித்தனியாக அடையாளம் கண்டு முகத் தோலுக்கு மட்டும் மாஸ்க் போடுகிற வசதி வந்தது, அதற்குப் பிறகுதான் இது கைக்கு அடங்கியது. அரக்குப் பட்டும் இப்படித்தான். வெளிச்சத்தையும் நிறத்தையும் வரைபடமாகக் காட்டுகிற ஹிஸ்டோகிராமில் சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டி நிற்கும், புடவை ஒரே வண்ணத் திட்டாகி நெசவு காணாமல் போகும். சிவப்பின் சாச்சுரேஷனையும் லூமினன்ஸையும் கொஞ்சம் இறக்கினால் புட்டாக்கள் திரும்ப வரும்.

தோல் நிறத்தைப் பற்றி நான் விட்டுக்கொடுப்பதில்லை. விலைக்கு வாங்குகிற ப்ரீசெட்டுகளில், அதாவது முன்பே தயார் செய்த திருத்தங்களில், பல நம் ஆட்கள் முகத்தை இரண்டு படி வெளுக்க வைக்கின்றன. "பொண்ணுக்குக் கொஞ்சம் கலர் ஏத்திக் குடுங்க" என்று கேட்பவர்களும் உண்டு. முகத்தில் வெளிச்சம் போதவில்லை என்றால் வெளிச்சத்தை ஏற்றுவேன். நிறத்தை மாற்ற மாட்டேன். கறுப்பான பெண்ணின் முகத்தில் விளக்கு வெளிச்சம் விழும்போது கன்னத்தில் வருகிற அந்த மினுமினுப்பு, வெளுத்துவிட்டால் முதலில் போவது அதுதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன், பெரும்பாலும் பெண்ணே தன் நிறத்தில் இருக்கிறதைத்தான் கேட்கிறாள்.

2023 ஏப்ரலில் லைட்ரூமில் வந்த, இருட்டுப் படங்களின் புள்ளிகளை நீக்குகிற டீநாய்ஸ் நன்றாகவே வேலை செய்கிறது. இரவு மாப்பிள்ளை அழைப்பில் ஐஎஸ்ஓ 6400-இல் எடுத்ததையும் ஆல்பத்தில் பெரிதாக வைக்கலாம். ஆனால் 2025 ஜூன் வரை ஒவ்வொரு படத்துக்கும் மூலத்தைவிடக் கனமான ஒரு டிஎன்ஜி ஃபைல் (இன்னொரு வகை ரா ஃபைல்) உருவானது, கிராஃபிக்ஸ் கார்டு சுமாராக இருந்தால் நேரமும் இழுக்கும். ஆல்பத்தின் பெரிய பக்கங்களுக்கு முப்பது படத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சேமிப்பில் ஒரு விதிதான். இரண்டு டிஸ்கில் காப்பி ஆகாமல் கார்டை அழிப்பதில்லை, மூன்றாவது காப்பி அக்கா வீட்டில். 2021-இல் ஒரு வெளி டிஸ்க் சத்தமில்லாமல் செத்துப்போனது, உள்ளே இரண்டு கல்யாணம். அக்கா வீட்டு அலமாரிதான் காப்பாற்றியது. இன்னொரு தடவை உதவியாளர் ஃபோல்டரை லைட்ரூமுக்கு வெளியே இடம் மாற்றிவிட்டார், 1,900 படத்தின் மேலும் ஆச்சரியக்குறி. படங்கள் எங்கும் போகவில்லை. லைட்ரூமின் கேட்டலாகில் படம் கிடையாது, படம் இருக்கிற முகவரியும் செய்த திருத்தமும்தான் இருக்கும். ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர் கொடுத்து புது இடத்தைக் காட்டினால் போதும்.

கழித்த படங்களை உடனே அழிப்பதும் இல்லை. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, அப்போதுதான் போன வருட டிஸ்குகளை எடுத்து வைத்து உட்காருவேன். நட்சத்திரம் இல்லாத படங்களை ஒருமுறை முகம் முகமாக ஓட்டி, அதில் மட்டுமே இருக்கிறவர்களுக்கு ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டு மற்றதை அழிப்பேன். இந்த ஆடியில் இரண்டு டெராபைட் காலியானது, நாற்பத்தாறு முகங்கள் தங்கின. ஆவணியில் மூன்று முகூர்த்தம் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது.