நாலு ஆஸ்பத்திரி, ஒரு மஞ்சப்பை: பந்தலூர் போய் வந்த அனுபவம்

நீலகிரி என்றாலே, நான் இப்போது வசிக்கும் கனடாவின் மொன்றியலில் இருக்கும் நண்பர்கள் "ஓ, ஊட்டியா?" என்பார்கள். எங்கள் பந்தலூர் தாலுகாக்காரர்களுக்கு ஊட்டி ஒரு வெளியூர். சேரம்பாடி, கொளப்பள்ளிப் பக்கமிருந்து முதலில் கூடலூர் வந்து சேரவேண்டும், அங்கிருந்து இன்னும் 50 கிலோமீட்டர் மலையேற வேண்டும். எல்லை தாண்டிக் கேரளத்தில் இருக்கும் சுல்தான் பத்தேரி அதைவிட எவ்வளவோ பக்கம். அதனால் எங்கள் ஊரில் காய்ச்சல், தலைவலி என்றால் ஆரம்ப சுகாதார நிலையம், கொஞ்சம் பெரிதாக இருந்தால் பத்தேரி, ராத்திரியில் 108 வந்தால் கூடலூர், "எங்களால் முடியாது" என்று எழுதிக் கொடுத்தால் ஊட்டி அல்லது கோயம்புத்தூர். என் சித்தி இத்தனை இடத்துக்கும் போயிருக்கிறார். ஒரே வருடத்தில், பல தடவை.

நாங்கள் தாயகம் திரும்பியவர்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்கப்புறம் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டம்தான் டான்டீ. சித்தி அதில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை, பிரஷர், போதாததற்கு மூச்சுத் திணறல். விறகடுப்பும் மலைக்குளிரும் சேர்ந்து நுரையீரலை ஒரு வழி பண்ணியிருக்கின்றன. ஒவ்வொரு முறை போன் பண்ணும்போதும் "இப்பத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தோம்" என்று தம்பி சொல்வான். இந்த முறை ஊருக்குப் போனபோது கல்யாணம், கோயில் எல்லாம் ஒருபக்கம் இருக்கட்டும், இது ஏன் இப்படி நடக்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்திருந்தேன். நான் வேலை செய்வது ஒரு மருந்துக்கடையில். மாத்திரை அட்டையைப் பார்த்தால் திருப்பிப் போட்டுப் பெயர் படிக்காமல் இருக்க முடியாது.

சித்தியின் மருத்துவ ஆவணம் மொத்தமும் ஜன்னல் கம்பியில் மாட்டிய ஒரு மஞ்சப்பையில் இருந்தது. அதைப் பாயில் கொட்டினோம். மலையாளத்தில் அச்சடித்த மருந்துக் கவர்கள், கூடலூர் அரசு மருத்துவமனைச் சீட்டுகள், மடித்து மடித்துக் கிழிந்த ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே உறை, லேமினேட் செய்த ஆபா கார்டு (மருத்துவ ஆவணங்களை இணைக்க மத்திய அரசு கொடுக்கும் சுகாதார அடையாள அட்டை). அந்தக் கார்டின் 14 இலக்க எண்ணை எந்த ஆஸ்பத்திரியிலும் யாரும் கேட்டதில்லையாம். "பத்திரமா வெச்சிருக்கேன் சாமி" என்றார் சித்தி. பத்திரமாகத்தான் இருந்தது.

மாத்திரைகளை எழுத்துக்கூட்டிப் பிரித்து வைத்தபோது விஷயம் பிடிபட்டது. கிளிமெபிரைட் என்ற சர்க்கரை மாத்திரை இரண்டு அட்டையில் இருந்தது. ஒன்று அரசு கொடுப்பது. இன்னொன்று பத்தேரியில் வாங்கியது, மெட்ஃபார்மின் என்ற இன்னொரு சர்க்கரை மருந்தோடு கலந்து வேறு வணிகப் பெயரில் வருவது. நிறம் வேறு, பெயர் வேறு என்பதால் இரண்டு வியாதிக்கு இரண்டு மாத்திரை என்று நினைத்துச் சித்தி ஒழுங்காக விழுங்கி வந்திருக்கிறார். மருந்தை ஒருநாள்கூடத் தவறவிடாத ஆள் அவர். வம்பே அதில்தான்.

தேதிகளை வரிசையாக அடுக்கியபோது கதை முழுதாகத் தெரிந்தது. மூச்சுத் திணறி பத்தேரிக்குப் போகிறார். அங்கே ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள், அது சரியான வைத்தியம்தான். ஸ்டீராய்டு கொடுத்தால் சர்க்கரை எகிறும். ரத்தப் பரிசோதனையைப் பார்த்து அங்கிருக்கும் டாக்டர் புது சர்க்கரை மாத்திரை எழுதுகிறார். நாலைந்து நாளில் ஸ்டீராய்டு முடிகிறது, மாத்திரை மட்டும் தொடர்கிறது. வீட்டில் ஏற்கெனவே அரசு மாத்திரை வேறு இருக்கிறது. அப்புறம் ஒரு ராத்திரி வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறி, 108 வந்து கூடலூருக்குத் தூக்கிப் போகிறது. சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று குளுக்கோஸ் ஏற்றி, காலையில் அனுப்பிவிடுகிறார்கள். ரோட்டில் யானை நிற்காத ராத்திரியாக இருந்ததால் வண்டி நேரத்துக்கு வந்து சேர்ந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தன் முன்னால் இருந்த பிரச்சினையைச் சரியாகத்தான் தீர்த்திருக்கிறது. முந்தைய ஆஸ்பத்திரி என்ன செய்தது என்பது மட்டும் எவருக்கும் தெரியவில்லை.

இன்னொன்று. மூச்சுக்குக் கொடுத்த கேப்சூல் உறிஞ்சும் கருவிக்குள் போட்டு இழுக்க வேண்டியது. கருவி அட்டைப் பெட்டியிலேயே இருந்தது. கேப்சூலைச் சித்தி சுடுதண்ணீரில் முழுங்கி வந்திருக்கிறார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மொன்றியலிலும் இதே மாதிரி முழுங்கிவிட்டு வந்து நிற்பவர்களைக் கவுண்டரில் பார்த்திருக்கிறேன் என்பதால் சித்தியைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

இப்படி அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளிகளுக்கென்றே நான் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் ஒரு முறை உண்டு. கேஸ் மேனேஜ்மென்ட் என்கிறார்கள். பெயர்தான் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி, செய்வது எளிமையான வேலை. குடும்ப மருத்துவர்கள் குழுவில் ஒரு நர்ஸ் இருப்பார். அடிக்கடி வருபவர் யார் என்று கண்டுபிடித்து, உட்கார்ந்து பேசி, அவருடைய எல்லா டாக்டர்களையும் கூப்பிட்டு, ஒரே திட்டமாக எழுதி வைத்து, பிறகும் போன் பண்ணிக்கொண்டே இருப்பார். ஷெர்ப்ரூக் பல்கலைக்கழகத்தின் காத்தரீன் யூடோன் குழுவினர் சாகுனே பகுதியில் இதைச் செய்து பார்த்து 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நோயாளிகளின் மனக்கஷ்டம் குறைந்தது, நமக்கு ஆள் இருக்கிறது என்ற தைரியம் வந்தது என்பதுதான் அதில் தெரிந்த பெரிய பலன்.

பணம் மிச்சமாகும், அட்மிஷன் குறையும் என்று சொல்பவர்களிடம் கொஞ்சம் நிதானம் தேவை. அமெரிக்காவில் 5 சதவீதம் பேர்தான் மொத்த மருத்துவச் செலவில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம். அந்தச் சிலரைக் கவனித்தால் போதுமே என்று நியூஜெர்சியின் கேம்டன் நகரத்தில் ஜெஃப்ரி பிரென்னர் என்ற டாக்டர் தொடங்கிய திட்டம் உலகப் புகழ் பெற்றது. 2020இல் 800 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. ஆறு மாதத்துக்குள் மறுபடி அட்மிட் ஆனவர்கள், திட்டத்தில் இருந்தவர்களில் 62.3 சதவீதம், இல்லாதவர்களில் 61.7 சதவீதம். வித்தியாசமே இல்லை. மோசமான கட்டத்தில் இருக்கும்போது ஒருவரைத் தேர்ந்தெடுத்தால், யாரும் எதுவும் செய்யாவிட்டாலும் பலருக்கு அடுத்த ஆறு மாதம் கொஞ்சம் தேவலையாகத்தான் இருக்கும். முன்னையும் பின்னையும் மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம்.

சரி, நம் ஊருக்கு வருவோம். எதுவுமே இல்லை என்று புலம்ப எனக்கு இஷ்டமில்லை, ஏனென்றால் நிறையவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை சித்தியின் வாசலுக்கே வருகிறது. கனடாவில் காப்பீடு இல்லாமல் மருந்து வாங்கிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். முதலமைச்சரின் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு, ஆனால் அது படுத்துச் சிகிச்சை பெறுவதற்குத்தான், இந்த மாதிரித் தினசரி மாத்திரைக்கும் ஜீப் வாடகைக்கும் இல்லை. ஊட்டியில் 700 படுக்கையோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறந்துவிட்டார்கள். நல்லது. சித்திக்கு அது பஸ் மாறிப் போகும் தூரம்.

கூடலூரிலேயே 1990இலிருந்து நடக்கும் ஆதிவாசி மருத்துவமனையை விசாரித்தபோதுதான் நோயாளியை இப்படி ஒருவர் கூடவே இருந்து கவனிப்பது மேல்நாட்டுச் சரக்கு இல்லை என்று புரிந்தது. அதை நடத்தும் அஸ்வினி அமைப்பு பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் போன்ற மக்களிடையே இருந்தே சுகாதாரப் பணியாளர்களைத் தயார்செய்து கிராமம் கிராமமாக வேலை செய்கிறது. அரிவாள் செல் ரத்தசோகை என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்கள் இங்கே உண்டு. நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த மரபணு இருப்பதை 1952இலேயே கண்டுபிடித்தார்கள். வலி வந்து வந்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வியாதி அது. யாருக்கு அது இருக்கிறது என்று ஊருக்குள்ளேயே தெரிந்த ஒருவர் இருப்பதற்கு ஈடு எந்தக் கம்ப்யூட்டரும் இல்லை.

எங்கள் லயன் வீடுகளுக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) அந்த மாதிரி கிட்டத்தட்ட இருப்பவர் மாத்திரை கொண்டுவரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர். மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்தவர், சித்தியை "பெரியம்மா" என்று கூப்பிடுகிறார். இரண்டு அட்டையையும் காட்டினேன்.

"அண்ணா, எங்க லிஸ்ட்ல இருக்கிறத நான் கொடுக்கிறேன். பெரியம்மா பத்தேரியில என்ன வாங்குறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கேக்கலாம்ல?"

"கேட்டா? நான் சொன்னா எந்த டாக்டர் மாத்துவாரு?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. பிரஷர் பார்ப்பதும் மாத்திரை கொடுத்துக் கையெழுத்து வாங்குவதும்தான் அவர் வேலை. மேட்டிலும் பள்ளத்திலும் வீடு வீடாக ஏறி இறங்கும் இவருக்கு மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி "அந்தம்மாவுக்கு என்ன எழுதினீங்க" என்று கேட்க எந்த அதிகாரமும் இல்லை. அரசு கொஞ்சம் மனது வைத்து, அடிக்கடி 108 ஏறும் பத்துப் பேரின் பெயரை அவர் கையில் கொடுத்து, பின்னால் ஒரு டாக்டரையும் நிறுத்தினால் கேஸ் மேனேஜர் தயார் என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம் நாங்களே சித்தியையும் மஞ்சப்பையையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனோம். கூட்டமான காலையிலும் அந்த இளம் டாக்டரம்மா எல்லாச் சீட்டையும் படித்தார். பத்தேரி சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார். சிறுநீரகம் சரியில்லாவிட்டால் இந்த மாத்திரை உடம்பிலேயே தங்கிப்போகும் என்று சொல்லி, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொன்னார். நர்ஸ் உறிஞ்சும் கருவியைச் சித்தியின் கையில் கொடுத்து, சரியாக இழுக்க வரும்வரை விடவில்லை. வீட்டுக்கு வந்து ஒரே ஒரு தாளில் வியாதிகள், இப்போது சாப்பிடும் மாத்திரைகள், நிறுத்தியவை, ஸ்டீராய்டு கொடுத்தால் சர்க்கரை ஏறி இறங்கும் கதை, தம்பியின் நம்பர் எல்லாவற்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். தன்னார்வலர் தன் போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டார். அது அவர் வேலையில் இல்லாத வேலை.

நான் திரும்பி வந்த பிறகு மழை தொடங்கியதும் சித்தி மறுபடி மூச்சுத் திணறிப் பத்தேரிக்குப் போயிருக்கிறார். அங்கே தாளைப் பார்த்துவிட்டு, புது சர்க்கரை மாத்திரை எதுவும் எழுதாமல், ஸ்டீராய்டு முடியும்வரை மட்டும் தினமும் சர்க்கரை பார்க்கச் சொல்லி அனுப்பினார்களாம். ராத்திரி வேர்வை அதற்கப்புறம் வரவில்லை என்கிறான் தம்பி. கேம்டன் கணக்கைப் படித்தவன் என்பதால் இதை வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிரியேட்டினின் பரிசோதனை இன்னும் பாக்கி. மழை விட்டதும் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.