பழைய லேப்டாப், டிவியைக் கடையிலேயே திருப்பிப் போடுவது: பல வருட அனுபவம்

அமெரிக்கா வந்து கொஞ்ச காலம் ஆன தமிழ் வீடு எதுவானாலும் கராஜில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கும். செத்துப்போன லேப்டாப், இரண்டு ரவுட்டர், எதனுடையது என்றே தெரியாத சார்ஜர்கள், மை காய்ந்த பிரிண்டர். ஊரில் என்றால் தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுக் காசு வாங்கியிருப்போம். இங்கே, அதுவும் கலிபோர்னியாவில், குப்பைத்தொட்டியில் போடுவதே சட்டப்படி தப்பு.

முதலில் டெக்சஸில் டாலஸ் பக்கம் பிளேனோவிலும், அப்புறம் கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்டிலும் இருந்துகொண்டு, எங்கள் வீட்டுப் பெட்டியை நான் காலி செய்வது பெரும்பாலும் எலக்ட்ரானிக்ஸ் கடையான பெஸ்ட் பையிலும், ஆபீஸ் சாமான் கடையான ஸ்டேப்பிள்ஸிலும்தான். பொதுவாகத் திருப்தி. ஆனால் இதெல்லாம் யார் காசில் நடக்கிறது என்று தெரியாமல் போனால் கடைக்காரர்களின் விதிகள் ஒவ்வொன்றும் விசித்திரமாகத் தெரியும்.

பெஸ்ட் பையில் வேலை சுலபம். நேராக கஸ்டமர் சர்வீஸ் கவுன்ட்டருக்குப் போய் வைக்க வேண்டியதுதான். அங்கேதான் வாங்கினீர்களா, பில் இருக்கிறதா, எந்த பிராண்ட் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு மூன்று பொருள், லேப்டாப் என்றால் ஐந்து வரை. பொருளை ரிட்டர்ன் செய்ய வருகிறவர்களும் அதே வரிசைதான் என்பதால், சனி ஞாயிறு மதியம் போனால் கால் கடுக்க நிற்க வேண்டும். ஸ்டேப்பிள்ஸில் கூட்டம் குறைவு, ஒரு நாளைக்கு ஏழு பொருள் எடுத்துக்கொள்கிறார்கள். 2007இல் தொடங்கியபோது பெரிய பொருளுக்கு 10 டாலர் வாங்கினார்கள், இப்போது இலவசம். ஆனால் டிவியைக் கொண்டுபோனால் தொடவே மாட்டார்கள்.

சிக்கலே அந்த டிவியில்தான். பிளேனோவில் இருந்தபோது ஒரு பழைய டியூப் டிவியை பெஸ்ட் பைக்கு ஏற்றிக்கொண்டு போனேன். ஊரிலிருந்து வந்திருந்த மாமனாரும் கூட வந்தார். கவுன்ட்டரில் நான் கார்டை நீட்டியதைப் பார்த்தவர், "என்ன மாப்பிள்ளை, சாமானையும் குடுத்துட்டு, காசும் நாமளே குடுக்கணுமா?" என்றார். அவர் கேட்டது ரொம்ப நியாயம். பெஸ்ட் பை இந்தத் திட்டத்தை 2009இல் நாடு முழுக்கக் கொண்டுவந்தது. 2016இல் டிவிக்கும் மானிட்டருக்கும் 25 டாலர் கட்டணம் வைத்தார்கள், பிறகு அது 29.99 ஆனது. லேப்டாப்பிலும் போனிலும் தங்கம், செம்பு என்று விற்றுக் காசாக்க ஏதாவது இருக்கிறது. பிக்சர் டியூப் கண்ணாடியில் இருப்பது ஈயம். ஒரு காலத்தில் அந்தக் கண்ணாடியை உருக்கிப் புது டியூப் செய்தார்கள். டியூப் டிவி தயாரிப்பே நின்றுபோனதும் அதைக் கேட்பார் இல்லாமல் போனது. எடுத்துக்கொள்வதற்கே யாராவது காசு கொடுக்க வேண்டும் என்ற நிலை.

2016இல் அந்தக் கட்டணம் வந்தபோது, இல்லினாய், பென்சில்வேனியா இரண்டிலும் சட்டப்படி வாடிக்கையாளரிடம் இதற்குக் காசு வாங்கக் கூடாது என்று இருந்தது. நல்ல சட்டம்தான். விளைவு என்ன? அந்த இரண்டு மாநிலங்களிலும் பெஸ்ட் பை கடைகளில் டிவி எடுப்பதையே அப்போது நிறுத்திவிட்டார்கள்.

ஃப்ரீமாண்ட் வந்ததும் அதே கடையில் டிவிக்குக் காசு கேட்கவில்லை. இங்கே திரை வைத்த பொருள் வாங்கும்போதே பில்லில் ஒரு சிறு தொகை சேர்கிறது. 2003இல் போட்ட சட்டம், 2005 ஜனவரியிலிருந்து வசூல். ஆரம்பத்தில் திரை அளவைப் பொறுத்து 6, 8, 10 டாலர். சேகரிப்பவர்களுக்கும் பிரிப்பவர்களுக்கும் அந்த நிதியிலிருந்து மாநிலம் எடைக்கணக்கில் கொடுக்கிறது. நாமும் காசு கொடுத்திருக்கிறோம், ஆனால் டிவி புதிதாக வந்த சந்தோஷத்தில் அது உறைக்கவில்லை, அவ்வளவுதான். என்னைக் கேட்டால் இதுதான் சரியான முறை. கடைசியில் 30 டாலர் கேட்டால் பாதிப் பேர் இரவோடு இரவாக எங்காவது தெருவோரம் வைத்துவிட்டுப் போவார்கள்.

ஒன்று கவனம்: அளவு வரம்பு உண்டு. டியூப் டிவி 32 அங்குலத்துக்குக் கீழே, தட்டை டிவி 50 அங்குலத்துக்குக் கீழே இருந்தால்தான் பெஸ்ட் பை கடையில் எடுப்பார்கள். அதைவிடப் பெரியதை நண்பரின் வேனில் ஏற்றுவதற்கு முன் ஒரு போன் போட்டுவிடுங்கள்.

கொடுத்த பொருள் கடைசியில் எங்கே போகிறது? எனக்கு இன்னும் முழு நிம்மதி இல்லாத இடம் இது. பேசல் ஆக்‌ஷன் நெட்வொர்க் என்ற, மின்கழிவு ஏற்றுமதியைக் கண்காணிக்கும் அமைப்பு எம்ஐடியோடு சேர்ந்து 200 பழைய கருவிகளுக்குள் ஜிபிஎஸ் ஒளித்துவைத்து, மறுசுழற்சிக்கென்று ஆங்காங்கே கொடுத்துப் பார்த்தது. 2016இல் வெளிவந்த முடிவுப்படி, சுமார் மூன்றில் ஒரு பங்கு நாட்டை விட்டே போயிருந்தது, பெரும்பாலும் ஹாங்காங்குக்கு. அதனால் இ-ஸ்டூவர்ட்ஸ், ஆர்2 என்ற இரண்டு சான்றிதழ்களில் ஒன்றாவது உள்ள நிறுவனத்துக்குப் போகிறதா என்று பார்ப்பேன். பெரிய கடைகள் இதைத் தங்கள் தளத்திலேயே எழுதி வைத்திருக்கின்றன. சான்றிதழ் இருந்தால் தப்பே நடக்காது என்று அர்த்தமில்லை. தெருமுனையில் "இலவசமாக எடுத்துக்கொள்கிறோம்" என்று பலகை வைத்திருப்பவரை விட மேல்.

டேட்டா விஷயத்தில் மட்டும் கடையை நம்பவே வேண்டாம். அழிப்பது உங்கள் பொறுப்பு என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். நம் லேப்டாப்பில் என்னவெல்லாம் இருக்கும்? பாஸ்போர்ட் ஸ்கேன், எச்1பி காகிதங்கள், டாக்ஸ் ரிட்டர்ன், ஊர் வங்கிக் கணக்கு. பழைய லேப்டாப் என்றால் அடிமூடியின் திருகுகளைக் கழற்றி ஹார்ட் டிஸ்கை வெளியே எடுத்துவிடுவேன். டிஸ்க் இல்லாத லேப்டாப்பை இதுவரை எந்தக் கவுன்ட்டரிலும் மறுத்ததில்லை. எடுத்த டிஸ்கைப் பழைய துணியில் நன்றாகச் சுற்றிச் சுத்தியலால் நாலு போடு. லேப்டாப் டிஸ்கின் உள்ளே சுழலும் தட்டு பல மாடல்களில் கண்ணாடி, பொலபொலவென்று நொறுங்குவது கைக்கே தெரியும். துணியை அங்கேயே பிரிக்காதீர்கள், சில்லு தெறிக்கும்.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு இந்த வைத்தியம் சரிவராது. புது மாடல்களில் அது போர்டோடு ஒட்டியே வருகிறது. விண்டோஸில் டிஸ்கில் உள்ளதை மறைகுறியாக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால், ரீசெட்டில் 'ரிமூவ் எவ்ரிதிங்', அதற்குள் 'கிளீன் டேட்டா' கொடுத்தால் போதும். மேக், ஐபோன் என்றால், தொலைந்த கருவியைத் தேடவும் பிறர் பயன்படுத்தாமல் பூட்டவும் உதவும் 'ஃபைண்ட் மை'யை முதலில் அணைத்துவிடுங்கள். அதை விட்டுவிட்டால் நல்ல நிலையில் இருக்கும் போன்கூட வேறு யாருக்கும் பயன்படாமல் உதிரிபாகமாகத்தான் போகும்.

ஓடுகிற நிலையில் இருப்பதை இந்தக் கவுன்ட்டரில் போடவே போடாதீர்கள். பழையதைக் கொடுத்து அதற்கு மதிப்பு வாங்கும் டிரேட்-இன் தனி. கிஃப்ட் கார்டாகத்தான் தருவார்கள், தொகையும் வாயைத் திறந்து சொல்லும்படி இருக்காது. ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு அது மேல்.

பேட்டரி உப்பிய லேப்டாப் மட்டும் வேறு ரகம். டச்பேட் மேலே எழும்பி, மூடி சரியாகப் படியாமல் இருந்தால் அதுதான். அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. சார்ஜ் போடாமல், ஒரு உலோகப் பக்கெட்டில் மணலைக் கொட்டி அதன்மேல் வைத்து வீட்டுக்கு வெளியே வைத்திருந்தேன். கடைகளில் இதை வாங்க மாட்டார்கள், வாங்கக் கூடாததும்கூட. எங்கள் அலமேடா கவுண்டிக்கு வீட்டு அபாயக் கழிவு மையம் ஃப்ரீமாண்டிலேயே இருக்கிறது, வீட்டுக்காரர்களுக்கு இலவசம். காரை விட்டு இறங்கக்கூட விடவில்லை. கையுறை போட்ட ஒருவர் வந்து டிக்கியைத் திறந்து, பக்கெட்டோடு தூக்கிக்கொண்டு போனார்.