கூடுவிட்டுக் கூடு பாயும் கேம்கள்: ஆறில் எதை எடுப்பது?

சைபர்பங்க் 2077ஐ முடித்த நண்பர் ஒருவர், "இதே மாதிரி இன்னொன்று சொல்லு" என்றார். எந்த மாதிரி என்று திருப்பிக் கேட்டேன். கையிலிருந்து கத்தி முளைக்கிற மாதிரியா, தலைக்குள் இன்னொருத்தன் குடியிருக்கிற மாதிரியா? கொஞ்சம் யோசித்துவிட்டு "இரண்டாவது" என்றார். முதலாவது என்றிருந்தால் இதை எழுத வேண்டியே வந்திருக்காது. அதற்குப் பெரிய கம்பெனி கேம்கள் தாராளமாகக் கிடைக்கின்றன.

பெரிய கேம்களில் உடம்பை மாற்றுவது கடைக்குப் போய் வருவது போலத்தான். நாற்காலியில் உட்கார்ந்து, காசைக் கொடுத்து, புதுக் கண்ணோடு எழுந்து வருவோம். 2000இல் வந்த டியூஸ் எக்ஸ் காலத்திலிருந்தே, உடலில் பொருத்தும் கருவி நடைமுறையில் இன்னொரு துப்பாக்கி மாதிரிதான். கதாபாத்திரங்கள் அதைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கவலைப்படுவார்கள். ஆடுகிறவருக்குப் பலம் கூடியது மட்டும்தான் தெரியும்.

அதனால் நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இது: புது உடம்பைக் கொடுக்கும் கேம் பதிலுக்கு என்னிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது? அந்த இழப்பு வசனத்தில் மட்டும் இருக்கிறதா, பட்டனை அழுத்தும் விரலுக்கும் உறைக்கிறதா? தொழில்நுட்பத்தால் மனித உடம்பையும் மனதையும் மாற்றிக்கொள்ளும் இந்த எண்ணத்துக்கு டிரான்ஸ்ஹ்யூமனிசம் என்று பெரிய பெயர் வைத்தாலும் விஷயம் இவ்வளவுதான். ஒரு எச்சரிக்கை: இந்த ஆறில் ஒன்றான சோமாவின் நடுவில் வரும் ஒரு காட்சியைச் சொல்லாமல் இந்த ஒப்பீடு நிற்காது. முடிவு எதையும் சொல்லவில்லை.

தமிழில் இதற்குப் பழைய சொல்லே உண்டு, கூடுவிட்டுக் கூடு பாய்தல். சாத்தனூரில் இறந்து கிடந்த இடையன் மூலனைச் சுற்றி மாடுகள் கதறுவதைப் பார்த்து, ஒரு சிவயோகியார் அவன் உடலில் புகுந்து திருமூலரான கதை தெரியும். மாடுகளை ஊர் சேர்த்துவிட்டுத் திரும்பி வந்தால், அவர் பத்திரமாக வைத்துப்போன பழைய உடலைக் காணோம். இந்தக் கதையில் கூடு இரண்டு, உயிர் ஒன்றுதான். கணக்கில் குழப்பமே இல்லை. தி ஸ்வாப்பர் என்ற கேம் இந்தக் கணக்கை வைத்துத்தான் விளையாடுகிறது. சோமா அந்தக் கணக்கே தப்பு என்கிறது.

தி ஸ்வாப்பர் 2013இல் வந்தது. செய்தவர்கள் ஓட்டோ ஹன்டூலா, ஒல்லி ஹார்யோலா என்ற இரண்டு பின்லாந்துக்காரர்கள். தொடங்கியபோது ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்தார்கள். களிமண்ணில் பிடித்த உருவங்களையும் வீட்டுச் சாமான்களையும் படமெடுத்து அதிலிருந்தே காட்சிகளைச் செய்தார்கள். அதனால் அந்த விண்வெளி நிலையத்துக்குள் கைபட்ட பொருளின் சொரசொரப்பு தெரிகிறது. நிலையத்தின் பெயர் தீசியஸ். பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தால் கடைசியில் நிற்பது பழைய கப்பல்தானா என்ற கிரேக்கப் புதிரின் நாயகன் பெயர் அது.

உங்கள் கையில் ஒரு கருவி. அதைக் காட்டிய இடத்தில் உங்களைப் போலவே ஒரு குளோன் நிற்கும். ஒரே நேரத்தில் நான்கு குளோன்கள் வரை வைத்துக்கொள்ளலாம். நீங்கள் நடந்தால் அவையும் நடக்கும், குதித்தால் அவையும் குதிக்கும். கருவியை இன்னொரு விதமாகச் சுட்டால் நீங்கள் அந்தக் குளோனுக்குள் பாய்ந்துவிடுவீர்கள். நீல விளக்கு எரியும் இடத்தில் குளோன் உண்டாகாது, சிவப்பு விளக்கு எரிந்தால் பாய முடியாது. இந்த இரண்டு விதிகளிலிருந்தே முக்கால்வாசிப் புதிர்கள் பிறக்கின்றன.

உயரமான இடத்துக்கு ஏற வேண்டுமா? தலைக்கு மேலே ஒரு குளோனை உண்டாக்கி அதற்குள் பாய வேண்டும். அது கீழே விழுவதற்குள் இன்னும் மேலே ஒன்று. விட்டுவந்த உடம்புகள் ஒவ்வொன்றாகத் தரையில் மோதும் சத்தம் கீழேயிருந்து கேட்கும். முதல் தடவை எனக்குத் திக்கென்றிருந்தது. ஒரு மணி நேரம் போனதும் அந்தச் சத்தம் காதில் விழுவதே நின்றுவிட்டது. வசனம் ஒன்றும் இல்லாமலே கேம் என்னை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. இனிப் பாயும்போது மட்டும், விழுவது வெறும் கூடுதானா என்று அவ்வப்போது உறுத்தும். கதையை எழுதிய டாம் ஜூபர்ட் அந்த உறுத்தலைப் பிடித்துக்கொண்டுதான் கடைசி வரை இழுக்கிறார்.

குறையும் உண்டு. பின்பாதிப் புதிர்கள் சில மண்டையை உடைக்கும், துப்பு எதுவும் கொடுக்க மாட்டார்கள். அப்படிச் சிக்கி இரண்டு நாள் விட்டுத் திரும்பி வந்தால் கதை மறந்திருக்கும்.

சோமாவுக்கு வருவோம். அம்னீசியா என்ற பேய் கேமால் பெயர் வாங்கிய சுவீடனின் ஃப்ரிக்‌ஷனல் கேம்ஸ் 2015இல் வெளியிட்டது. டொரான்டோவில் விபத்தொன்றில் மூளை காயப்பட்ட சைமன் ஜாரெட் ஒரு ஸ்கேனுக்காக நாற்காலியில் உட்காருகிறான். கண் விழித்தால் 2104ஆம் ஆண்டு. இடம், கடலடியில் பாத்தோஸ் 2 என்ற ஆய்வு நிலையம். வால்மீன் மோதி மேலே உலகம் அழிந்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அங்கே அவனுக்குத் துணை கேத்தரின் சுன். அவளும் இப்போது ஸ்கேன் எடுத்த ஒரு மனம்தான், கையடக்கக் கருவி ஒன்றில் செருகியிருக்கும் சிப்பில் இருக்கிறாள். ஸ்கேன் செய்த மனிதர்கள் வாழும் கணினி உலகம் ஒன்றை விண்வெளிக்கு ஏவுவது அவள் திட்டம்.

வழியில் ஆழ்கடல் பள்ளத்துக்குள் இறங்க வேண்டும். சைமன் இப்போது இருக்கும் உடம்பு அந்த அழுத்தத்தைத் தாங்காது. அதனால் வேறு உடம்பு. நாற்காலியில் உட்காருகிறோம், திரை இருண்டு வெளிச்சமாகிறது, புது உடம்பில் எழுந்து நிற்கிறோம். பாய்ந்தாயிற்று என்று நினைக்கும்போதே, பழைய நாற்காலியிலிருந்து நம் குரலிலேயே ஒருவன், ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று கேத்தரினைக் கேட்கிறான்.

திருமூலருக்குப் பழைய கூடு காணாமல் போனது. சைமனுக்கு அது இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. யாரும் எங்கும் பாயவில்லை, நகல்தான் எடுத்தார்கள். கேமரா நகலோடு போனதால் நாமும் கூடவே போனதாக நம்பிவிட்டோம். பழையவனைக் கேத்தரின் தூங்கவைத்துவிடுகிறாள். மயங்கிக் கிடக்கும் அவனின் பேட்டரியை இறக்கிவிடலாம், அப்படியே விட்டுவிட்டும் போகலாம். எதைச் செய்தாலும் கேம் மதிப்பெண் போடாது, கதையும் மாறாது. பரிசும் தண்டனையும் இல்லாததால்தான் அந்தப் பொத்தானுக்கு முன்னால் அத்தனை நேரம் நின்றேன்.

அந்த நிலையத்து ஊழியர்கள் சிலர் இதற்கு வேறு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஸ்கேன் முடிந்த கையோடு தற்கொலை செய்துகொண்டால் இரண்டாவது ஆள் இருக்க மாட்டான், உயிர் தொடர்ச்சியாகக் கணினிக்குள் போய்விடும் என்று நம்பினார்கள். நிலையத்தில் கிடக்கும் ஒலிப்பதிவுகளில் அந்த வாதத்தைக் கேட்கலாம். ஒரு நிமிடம் நமக்கும் அது சரியாகப்படும்.

இரண்டில் எது மேல்? விரலுக்கு உறைப்பதில் ஸ்வாப்பர், நெஞ்சுக்கு உறைப்பதில் சோமா. ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் சோமா. அதிலுள்ள அரக்கர்கள்தான் எனக்கு இடைஞ்சல். யோசிக்க வேண்டிய இடத்தில் ஒளிந்து ஓட வைக்கிறார்கள். 2017 டிசம்பரில் பாதுகாப்பு முறை ஒன்றைச் சேர்த்தார்கள், அதில் அரக்கர்கள் இருப்பார்கள், கொல்ல மாட்டார்கள். வீராப்பு பார்க்காமல் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சிட்டிசன் ஸ்லீப்பர் இந்த இரண்டோடும் சண்டைக்கு வரவில்லை. நகல் எடுத்தாயிற்று, சரி, அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று அங்கிருந்து தொடங்குகிறது. கேரத் டேமியன் மார்ட்டின் கிட்டத்தட்ட ஒற்றை ஆளாக உருவாக்கி 2022இல் வெளியானது. நீங்கள் ஒரு மனிதரின் மனநகல். எஸன்-ஆர்ப் என்ற கம்பெனி செய்த செயற்கை உடம்பில் ஓடுகிறீர்கள், சட்டப்படி அந்தக் கம்பெனியின் சொத்து. தப்பித்து எர்லின்ஸ் ஐ என்ற பாதி இடிந்த விண்வெளி நிலையத்துக்கு வந்து சேர்கிறீர்கள். கம்பெனி தரும் மருந்து இல்லாவிட்டால் உடம்பு தானாகவே நைந்துபோகும்படி செய்திருக்கிறார்கள், ஓடிப்போகிறவர்களுக்கென்றே.

ஆட்டம் தாயக்கட்டையில் நடக்கிறது. ஒவ்வொரு நாளும் உடம்பு நன்றாக இருந்தால் ஐந்து கட்டைகள் விழும், நலிந்தால் நான்கு, மூன்று என்று குறையும். ஒரு வேலைக்கு ஒரு கட்டை. ஆறு விழுந்திருந்தால் வேலை சுத்தமாக முடியும், ஒன்று விழுந்திருந்தால் அடிபடவும் கூடும். மருந்து வாங்கக் காசு வேண்டும், காசுக்கு வேலை வேண்டும், வேலைக்குக் கட்டை வேண்டும், கட்டைக்கு மருந்து வேண்டும். உடம்பு சரியில்லாத நாளில் கூலிக்குப் போயே ஆக வேண்டியவர்களுக்கு இந்தச் சுற்றை யாரும் விளக்க வேண்டியதில்லை. எதிர்காலத் தொழில்நுட்பத்தை வாடகை, மருந்து, கூலி என்ற மூன்று கணக்காகச் சுருக்கியதில் இதற்கு ஈடு நான் பார்த்த வரையில் இல்லை.

ஆனால் பாதிக்கு மேல் சுருதி இறங்கிவிடும். காசும் மருந்தும் சேர்ந்துவிட்டால் தாயக்கட்டைக்குப் பயமில்லை. லெம், அவன் கூட வளரும் குழந்தை மீனா போன்றவர்களின் கதைகள்தான் அதற்குப் பிறகு தாங்கிப் பிடிக்கின்றன. அவற்றுக்காகவே தொடர்ந்தேன்.

உடம்பு போதும், மனசுக்கு வருவோம் என்பவர்களுக்கு தி ரெட் ஸ்ட்ரிங்ஸ் கிளப். ஸ்பெயினின் வாலென்சியாவில் இருக்கும் டிகன்ஸ்ட்ரக்டீம் 2018இல் செய்தது. டோனோவன் என்பவர் மதுக்கடை நடத்துகிறார். எந்த மதுவை எவ்வளவு ஊற்றுகிறோம் என்பதைப் பொறுத்து வாடிக்கையாளரின் சோகமோ பெருமையோ மேலே வரும், அதைப் பிடித்து விஷயத்தைக் கறக்க வேண்டும். பெரிய கம்பெனி ஒன்று மனிதர்களின் கோபம், பயம், மனச்சோர்வு எல்லாவற்றையும் மொத்தமாக நீக்கப் பார்க்கிறது. அதைத் தடுப்பது நல்ல வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, அகாரா என்ற மனித உருவ ரோபோ குறுக்குக் கேள்வி போடுகிறது: எந்த உணர்ச்சியை நீக்கினால் உனக்குச் சம்மதம்? எதையுமே நீக்கக் கூடாது என்று சொல்ல வாய் வரவில்லை. அடுத்தவர் மனசைக் கேட்காமல் திருப்பும் வேலையை, கிளாஸும் கையுமாக நானும் அதுவரை செய்துகொண்டுதானே இருந்தேன்! அகாரா குயவர் சக்கரம் போன்ற ஒன்றில் உடலுக்குள் பொருத்தும் கருவிகளை வனையும் பகுதியும் அழகு. கடைசிப் பகுதி முழுக்கத் தொலைபேசியில் நடக்கும், அது கொஞ்சம் இழுவை.

மிச்சம் இரண்டு. அப்சர்வர், போலந்தின் ப்ளூபர் டீம் 2017இல் செய்தது, கதை நடப்பது 2084இன் கிராகோவ் நகரில். டச்சு நடிகர் ருட்கர் ஹவர் போலீஸ்காரர் லசார்ஸ்கிக்குக் குரல் கொடுத்திருக்கிறார். அடுத்தவர் மூளைக்குள் இறங்கித் துப்பறிவது லசார்ஸ்கியின் வேலை. மூளைக்குள் நடக்கும் காட்சிகள் பளிச்பளிச்சென்று மின்னி நீள்கின்றன, வலிப்பு வருகிறவர்கள் பக்கமே போக வேண்டாம். பாழடைந்த அடுக்குமாடியில் கதவுக்குக் கதவு போய் இன்டர்காமில் பேசுவதுதான் அதன் உண்மையான சொத்து. முகம் தெரியாத குரல்கள் வழியாகவே அந்த ஊர் கண்ணில் விரிகிறது. ஹாம்பர்க்கின் டெய்டாலிக் 2018இல் வெளியிட்ட ஸ்டேட் ஆஃப் மைண்ட், 2048இன் பெர்லினையும் ஒரு கணினிச் சொர்க்கத்தையும் ஒட்டிவைக்கிறது. உடைந்த கண்ணாடிச் சில்லு போன்ற முகங்கள் பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் எல்லாவற்றையும் பேசியே தீர்க்கிறது. நாம் நடந்து போய்க் கேட்டுவிட்டு வருகிறோம். பட்டியலில் கடைசி.

கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண லேப்டாப் என்றால் ஸ்வாப்பர், ரெட் ஸ்ட்ரிங்ஸ், சிட்டிசன் ஸ்லீப்பர் மூன்றும் ஓடும். சோமாவுக்கும் அப்சர்வருக்கும் கார்டு இருந்தால்தான் நிம்மதி. தமிழ் எழுத்து எதிலும் கிடையாது. சிட்டிசன் ஸ்லீப்பர் கிட்டத்தட்ட ஒரு நாவலளவு ஆங்கிலம் படிக்க வைக்கும், அது அலுப்பென்றால் பேச்சு குறைவான ஸ்வாப்பரை எடுங்கள். ரெட் ஸ்ட்ரிங்ஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும்.

நண்பருக்கு சோமாவைத்தான் சொன்னேன், ஸ்வாப்பரை அதற்கு அடுத்து. இப்போது கடல் பள்ளத்துக்கு இறங்கும் இடத்தில் இருக்கிறாராம். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்லிவிடுகிறேன்: கடைசியில் பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியதும் கேமை மூடிவிடாதீர்கள், அதற்குப் பிறகும் ஒரு காட்சி இருக்கிறது.