பழைய மடிக்கணினிக்கு வேறு நிறுவன டிவிடி டிரைவ்: எது பொருந்தும், எது வம்பு?

மடிக்கணினியில் இருக்கும் டிவிடி டிரைவ் ஒரே நாளில் செத்துப்போவது அபூர்வம். முதலில் இரட்டை அடுக்கு டிவிடிகளை ஏற்க மறுக்கும். பிறகு சாதாரண டிவிடியையும் வெகுநேரம் சுழற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே வட்டே இல்லை என்று சொல்லும். ஆனால் பாட்டு சிடியை மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் வாசித்துக்கொண்டிருக்கும். சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் என இரண்டு தனித்தனி லேசர் கதிர்கள் ஒரே தலைப்பகுதியில் இயங்குவதால், ஒன்று தளர்ந்த பிறகும் மற்றது வேலை செய்யும். லென்ஸைத் துடைத்தும் நிலைமை மாறவில்லை என்றால் டிரைவை மாற்றுவதுதான் வழி.

அப்போது நம்முன் நான்கு தேர்வுகள் நிற்கும். கணினியோடு வந்த அதே பாக எண் கொண்ட, வேறொரு கணினியிலிருந்து கழற்றிய டிரைவ். அதே அளவில் இன்னொரு நிறுவனம் தயாரித்த டிரைவ். அதே இடத்தில் உட்காரக்கூடிய ப்ளூ-ரே டிரைவ். யுஎஸ்பி கேபிளில் தொங்கும் வெளி டிரைவ். இவற்றை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் எழுதும் வேகத்தையும் நிறுவனத்தின் பெயரையும் வைத்தே ஒப்பிடுகிறார்கள். என் அனுபவத்தில் இந்த இரண்டுமே கடைசியாகப் பார்க்க வேண்டியவை. டிரைவின் பின்பக்கத்தில் இருக்கும் இணைப்பான் எந்த வகை என்பதே பாதி முடிவை நமக்காக எடுத்துவிடுகிறது.

எனவே எதையும் வாங்குவதற்கு முன் பழைய டிரைவைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும். பெரும்பாலான கணினிகளில் அடிப்பக்கத்தில் உள்ள ஒரே ஒரு திருகாணிதான் அதைப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் டிரைவ் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். வெளியே வந்ததும் தடிமனை அளக்க வேண்டும். 12.7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் என்ற இரண்டு அளவுகளே பழைய கணினிகளில் மிகுதி. பிற்கால மெல்லிய கணினிகளில் 9 மில்லிமீட்டரும் உண்டு. 12.7 அளவை 9.5 குழிக்குள் எந்த வித்தையாலும் நுழைக்க முடியாது. மறுபக்கமாக, 9.5 அளவை 12.7 குழியில் வைத்தால் மேலோ கீழோ இடைவெளி விழும். இணைப்பான் நேராகச் சந்திக்கிறதா என்பதைக் கவனித்து, அடியில் பட்டை கொடுத்து நிறுத்த வேண்டியிருக்கும். செய்யக்கூடியதுதான், ஆனால் பார்க்க நன்றாக இருக்காது.

அடுத்ததாகப் பின்பக்கம். இரண்டு வரிசையாக 50 முனைகள் கொண்ட நீளமான இணைப்பான் இருந்தால் அது ஐடிஇ என்ற பழைய வகை இணைப்பு. 7 தட்டையான தொடுமுனைகளும் பக்கத்திலேயே 6 தொடுமுனைகளும் இருந்தால் அது அதற்குப் பின் வந்த சாட்டா வகை, மெல்லிய டிரைவ்களுக்கானது. வன்தட்டு சாட்டா என்பதால் டிவிடி டிரைவும் சாட்டாவாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டுவது மிகச் சாதாரணமான தவறு. இன்டெலின் ஐசிஎச்7-எம், ஐசிஎச்8-எம் சிப்புகள் இரண்டு வகை இணைப்புகளையும் தந்ததால், 2006, 2007 காலத்து கணினிகள் பலவற்றில் வன்தட்டு சாட்டாவிலும் டிவிடி டிரைவ் ஐடிஇயிலும் ஓடின. 2008இல் வந்த ஐசிஎச்9-எம் சிப்பில் ஐடிஇ அறவே நீக்கப்பட்டது. லெனோவோவின் திங்க்பேட் மடிக்கணினி வரிசையில் டி61இன் டிரைவ் ஐடிஇயாகவும், அடுத்து வந்த டி400இன் டிரைவ் சாட்டாவாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

ஐடிஇ கணினியில்: அதே பாக எண்ணா, வேறு நிறுவனமா?

மாற்று டிரைவ் என்ற பேச்சில் உண்மையான சிக்கல் எல்லாம் இந்தப் பிரிவில்தான் இருக்கிறது. ஐடிஇ கம்பித்தொகுதி ஒன்றில் இரண்டு கருவிகள் இருக்கலாம். ஒன்று மாஸ்டர் (முதன்மை), மற்றது ஸ்லேவ் (துணை). மேசைக் கணினி டிரைவ்களில் இதை மாற்றச் சின்ன ஜம்பர் உண்டு. மடிக்கணினி டிரைவில் அது கிடையாது. 50 முனை இணைப்பானில் 47ஆம் முனைதான் இதைத் தீர்மானிக்கிறது: மதர்போர்டு அதைத் தரையிணைப்போடு சேர்த்திருந்தால் டிரைவ் மாஸ்டர், திறந்து விட்டிருந்தால் ஸ்லேவ். எல்லா டிரைவ்களும் இந்த முனையை மதித்து நடந்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் சில டிரைவ்களின் ஃபர்ம்வேர், அதாவது டிரைவுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள், முனை என்ன சொன்னாலும் தான் மாஸ்டர்தான் என்றோ ஸ்லேவ்தான் என்றோ பிடிவாதமாக நிற்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள் போலிருக்கும் இரண்டு டிரைவ்கள், ஒரே மாடல் எண்ணைத் தாங்கியிருந்தாலும், வெவ்வேறு கணினி நிறுவனங்களுக்காக வெவ்வேறு அமைப்போடு அனுப்பப்பட்டிருக்கலாம்.

இதன் விளைவு எப்படியிருக்கும் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். டிவிடி டிரைவும் வன்தட்டும் ஒரே கம்பித்தொகுதியைப் பகிர்ந்துகொண்ட கணினி ஒன்றில், பழைய பாகங்கள் விற்பவர் ஒருவர் எந்தக் கணினியிலும் ஓடும் என்று உறுதி சொல்லிக் கொடுத்த டிரைவைப் பொருத்தினேன். அது அழகாக உட்கார்ந்தது, தட்டு வெளியே வந்தது, விளக்கு எரிந்தது. ஆனால் கணினி, வன்தட்டே இல்லை என்று கருப்புத் திரையில் எழுதிவிட்டு நின்றுவிட்டது. இரண்டும் மாஸ்டராக நின்று மோதிக்கொண்டன. டிரைவைக் கழற்றியவுடன் வன்தட்டு உயிரோடு திரும்பி வந்தது. அன்றைய அரைமணி நேரப் பதற்றத்துக்குப் பிறகு, ஐடிஇ கணினிக்கு என் முதல் தேர்வு எப்போதும் அதே பாக எண்தான்.

தனிக் கம்பித்தொகுதியில் டிவிடி டிரைவ் மட்டும் இருக்கும் கணினிகளில் ஆபத்து இதைவிடக் குறைவு, ஆனால் எரிச்சல் குறைவதில்லை. மாஸ்டர் இல்லாத தொகுதியில் ஸ்லேவ் மட்டும் தனியாக நிற்பதைச் சில பயாஸ்கள் (கணினியைத் துவக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) ஏற்றுக்கொள்ளாது. துவங்கும்போது ஐடிஇ பிழை என்று ஒரு வரி காட்டும், வட்டிலிருந்து பூட் செய்யவும் விடாது, ஆனால் விண்டோஸுக்குள் போன பிறகு அதே டிரைவ் ஒழுங்காக வேலை செய்யும். ஃபர்ம்வேரை மாற்றி எழுதி இதைச் சரிசெய்பவர்கள் உண்டு. 47ஆம் முனையை மெல்லிய நாடாவால் மூடி ஸ்லேவாக மாற்றுபவர்களும் உண்டு. முன்னது தவறினால் டிரைவ் வெறும் உலோகத் தட்டாகிவிடும். பின்னது, முனையை மதிக்கும் டிரைவில் மட்டுமே பலிக்கும். இரண்டுமே ஆர்வத்துக்காகச் செய்பவர்களுக்கு உரியவை. நாளை வேலைக்குக் கணினி வேண்டும் என்பவருக்கு அல்ல.

அதே பாக எண்ணுக்கும் ஒரு குறை உண்டு. ஐடிஇ மெல்லிய டிரைவ்கள் புதிதாகத் தயாரிக்கப்படுவது நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டதால், கையில் கிடைப்பது பெரும்பாலும் இன்னொருவர் தேய்த்து முடித்த லேசராகவே இருக்கும். அமைப்பு சரியாக இருக்கும், ஆயுள் சந்தேகம். வேறு நிறுவன டிரைவில் இது தலைகீழ்: பெட்டி பிரிக்காத இருப்பு கிடைத்தால் லேசர் புதிது, அமைப்புதான் சந்தேகம். மாஸ்டரா, ஸ்லேவா, முனையைக் கேட்டு நடப்பதா என்ற ஒரே கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் விற்பனையாளர் கிடைத்தால் இரண்டாவது தேர்வு முந்துகிறது. கேள்வியே புரியாமல் விழிப்பவரிடம் வாங்கக் கூடாது.

புதிய டிரைவைப் பொருத்தியும் படம் விட்டுவிட்டு ஓடுகிறது என்றால், டிரைவைக் குறை சொல்வதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி, ஒரு கருவியில் ஆறு முறை பிழை கண்டால் அதை டிஎம்ஏ என்ற வேகமான தரவு கடத்தும் முறையிலிருந்து மெதுவான பிஐஓ முறைக்கு இறக்கிவிடும். பழைய டிரைவ் சாகும் காலத்தில் தந்த பிழைகளின் தண்டனையைப் புதிய டிரைவ் அனுபவிக்கும். டிவைஸ் மேனேஜரில் அந்த ஐடிஇ சேனலை நீக்கிவிட்டு மறுதுவக்கம் செய்தால் சரியாகிவிடும்.

சாட்டா கணினியில் நிலைமை வேறு

சாட்டாவில் மாஸ்டர், ஸ்லேவ் என்ற பேச்சே இல்லை. ஒரு கம்பி, ஒரு கருவி. ஹிட்டாச்சி-எல்ஜி, தோஷிபா-சாம்சங், பானசோனிக், லைட்-ஆன், சோனி ஆப்டியார்க் என யார் தயாரித்திருந்தாலும், தடிமன் பொருந்தினால் ஓடும் என்றே எடுத்துக்கொள்ளலாம். எல்லாமே டிவிடியை ஏறக்குறைய 8 மடங்கு வேகத்தில் எழுதுபவை. அந்த வேகமும் வட்டின் வெளிவிளிம்பை நெருங்கும்போதுதான் எட்டப்படுகிறது. ஆகவே வேகத்தை ஒப்பிட்டு நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை. இங்கே போட்டி முழுவதும் தோற்றத்தைப் பற்றியது, அதாவது முகப்புத் தகடு பற்றியது.

டிரைவின் முன்னால் தெரியும் அந்த பிளாஸ்டிக் பெசல், கணினியின் வளைவுக்கேற்ப வடிக்கப்பட்டது. கணினியை அணைத்துவிட்டு, முகப்பில் உள்ள ஊசித்துளையில் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை நுழைத்து அழுத்தினால் தட்டு ஒரு விரல் அகலம் வெளியே வரும். அதை முழுவதும் இழுத்துக்கொண்டு பெசலின் ஓரங்களைப் பார்த்தால், தட்டின் விளிம்பைக் கவ்வியிருக்கும் சின்னக் கொக்கிகள் தெரியும். அவற்றை நகத்தாலோ தட்டையான பிளாஸ்டிக் முனையாலோ ஒவ்வொன்றாக நெம்பினால் பெசல் கையோடு வந்துவிடும். இரும்புத் திருப்புளியால் அவசரப்பட்டால் கொக்கி உடையும். பல ஆண்டுச் சூட்டில் கிடந்த பிளாஸ்டிக் மன்னிக்காது. பின்பக்க பிராக்கெட்டையும் அதன் இரண்டு பொடித் திருகாணிகளோடு புதியதற்கு மாற்ற மறந்துவிடக் கூடாது. அது இல்லையென்றால் அடிப்பக்கத் திருகாணிக்குப் பிடிப்பே இருக்காது, பொத்தானை அழுத்தும்போது டிரைவ் முழுவதும் வெளியே வரும்.

இந்தக் கொக்கிகளின் இடமும், பொத்தானுக்குப் பின்னால் இருக்கும் சிறு சுவிட்சின் இடமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பழைய டிரைவ் எந்த நிறுவனத்துடையதோ அதே நிறுவனத்தின் அடுத்தடுத்த மாடலில் பெசல் பெரும்பாலும் அப்படியே உட்காரும். நிறுவனம் மாறினால் கொக்கி பிடிக்காது, பிடித்தாலும் பொத்தான் வெற்றிடத்தை அழுத்திக்கொண்டிருக்கும். ஆகவே சாட்டா கணினிக்கு என் பரிந்துரை, பழைய டிரைவின் மேல் ஒட்டிய சீட்டில் உள்ள தயாரிப்பாளரின் பெயரைப் படித்து, அவருடைய பிந்தைய மாடலை வாங்குவதுதான். கணினியின் மூடியில் இருக்கும் பெயர் இதற்கு உதவாது.

கழற்றி மாட்டும் வகைக் கணினிகளில் கூடுதல் கவனம் வேண்டும். திங்க்பேட் டி400இன் அல்ட்ராபே எனும் டிரைவ் குழி 9.5 மில்லிமீட்டர், அடுத்து வந்த டி410இல் அது 12.7. பெயர் ஒன்றுதான் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான்.

ப்ளூ-ரே மாற்றம்

பானசோனிக் யூஜே-240 போன்ற 12.7 மில்லிமீட்டர் சாட்டா ப்ளூ-ரே எழுதிகள், டிவிடி டிரைவ் இருந்த அதே குழியில் உட்காரும். ஒரு அடுக்கு வட்டில் 25 ஜிபி, இரண்டு அடுக்கில் 50 ஜிபி என்பது காப்பகம் வைத்திருப்பவருக்குக் கவர்ச்சியான கணக்கு, டிவிடியின் 4.7 ஜிபியோடு ஒப்பிட்டால் ஐந்து வட்டுகளின் வேலையை ஒன்று செய்கிறது. சேமிப்புக்காக மட்டும் என்றால் இந்த மாற்றத்தை ஆதரிப்பேன். படம் பார்ப்பதற்காக என்றால் தயங்குவேன். விண்டோஸோடு ப்ளூ-ரே படம் காட்டும் மென்பொருள் வருவதில்லை. தனியாக வாங்கினாலும், அந்தக் காலத்துச் செயலியும் கிராஃபிக்ஸ் சிப்பும் உயர்தெளிவுப் படத்தை விரிக்கத் திணறும். எக்ஸ்பியில் ஓடும் கணினி என்றால் இன்னொரு முட்டுக்கட்டை: ப்ளூ-ரே வட்டுகளில் பயன்படும் யுடிஎஃப் 2.5 என்ற கோப்பு அமைப்பை அது தானாகப் படிக்காது. விஸ்டாவில் தொடங்கித்தான் அந்த ஆதரவு வந்தது.

வெளி டிரைவ்

யுஎஸ்பி வெளி டிரைவ், மேலே சொன்ன தடிமன், இணைப்பான், பெசல் ஆகிய மூன்று தலைவலிகளையும் ஒரே அடியில் ஒழிக்கிறது. யுஎஸ்பி 2.0 நடைமுறையில் விநாடிக்கு 30 எம்பிக்கு மேல் கடத்தும். 8 மடங்கு வேக டிவிடிக்கு 11 எம்பி போதும். ஆகவே வேகம் குறைவு என்ற குற்றச்சாட்டு டிவிடி வரை செல்லாது. இதன் பலவீனம் மின்சாரத்தில் இருக்கிறது. யுஎஸ்பி 2.0 துளை தர வேண்டியது 500 மில்லிஆம்பியர்; வட்டு சுழலத் தொடங்கும் கணத்திலும் எழுதும்போதும் மெல்லிய டிரைவ் அதைவிட அதிகம் கேட்கும். எழுதுவது பாதியில் நின்று வட்டு வீணாவதற்குப் பல நேரங்களில் இதுவே காரணம். இரண்டு துளைகளில் செருகும் இரட்டைத் தலை கேபிள் இதற்காகவே வருகிறது. அதை அலங்காரம் என்று நினைத்து ஒன்றை மட்டும் செருகக் கூடாது.

இரண்டாவது குறை, மிகப் பழைய பயாஸ்கள் யுஎஸ்பி டிரைவிலிருந்து பூட் செய்யாதது. இயங்குதளத்தை மீண்டும் நிறுவுவதற்காகவே டிரைவ் தேடுபவர் வாங்குவதற்கு முன் பூட் பட்டியலைத் திறந்து பார்த்துவிட வேண்டும். ஆப்பிளின் யுஎஸ்பி சூப்பர்டிரைவை இந்த வேலைக்கு நினைக்கவே கூடாது. உள்ளே டிரைவ் இல்லாமல் வந்த மேக்குகளுக்கென்றே அது செய்யப்பட்டது.

வெளி டிரைவை உடைத்து உள்ளிருக்கும் மெல்லிய டிரைவைக் கணினிக்குள் பொருத்தலாம் என்ற யோசனை அடிக்கடி எழுகிறது. சிலவற்றில் உள்ளே சாதாரண சாட்டா டிரைவ் இருக்கும். பலவற்றில் டிரைவின் பலகையிலேயே யுஎஸ்பி நேரடியாகப் பதிக்கப்பட்டிருக்கும். பிரித்த பிறகு சாட்டா முனையைத் தேடினால் கிடைக்காது, உடைத்த வெளிக்கூட்டை மூடவும் முடியாது.

மறுபுறம், சாட்டா கணினியின் உரிமையாளருக்கு வெளி டிரைவ் ஒரு கூடுதல் கதவைத் திறக்கிறது. காலியான குழியில் கேடி (caddy) எனும் டிரைவ் வடிவச் சட்டத்தை வைத்து 2.5 அங்குல எஸ்எஸ்டி ஒன்றைச் செருகிவிட்டு, ஆண்டுக்கு நாலு முறை தேவைப்படும் டிவிடி வேலையை வெளியே வைத்துக்கொள்ளலாம். நானாக இருந்தால் 2008க்குப் பிந்தைய கணினியில் இதைத்தான் செய்வேன். பெசலை மட்டும் பழைய டிரைவிலிருந்து கழற்றி கேடியில் மாட்டுவேன்.

பழைய டிரைவை விலைக்கு வாங்குபவர்கள், படம் பார்ப்பவர்களாக இருந்தால், இன்னொன்றையும் கேட்டுவிட வேண்டும். 2000ஆம் ஆண்டு முதல் வந்த டிரைவ்கள் டிவிடி மண்டல எண்ணைத் தம்முள்ளேயே வைத்திருக்கின்றன. உரிமையாளரால் அதை ஐந்து முறைதான் மாற்ற முடியும். கணினி மாறினாலும் அந்த எண்ணிக்கை டிரைவோடு சேர்ந்தே பயணிக்கும். டிவைஸ் மேனேஜரில் டிரைவின் பண்புகளைத் திறந்தால் எத்தனை மாற்றங்கள் மீதமிருக்கின்றன என்று காட்டும். பூஜ்யம் என்றால், முந்தைய உரிமையாளர் கடைசியாக விட்டுப்போன மண்டலத்திலேயே அந்த டிரைவ் நின்றுவிட்டது என்று பொருள்.