கோடிங்பேட்: ஃபங்ஷன் எழுதப் பழகலாம், அழைக்கப் பழக முடியாது

நிரல் எழுதும் பாடம் படித்துப் புரிந்துவிட்டது, ஆனால் வெற்றுத் திரையின் முன் உட்கார்ந்தால் கை ஓடவில்லை என்ற கட்டத்தில் இருப்பவர்களுக்குப் பொருத்தமான பயிற்சித் தளம் கோடிங்பேட். ஸ்டான்ஃபோர்டில் கணினி அறிவியல் கற்பிப்பவராக அறியப்பட்ட நிக் பார்லாண்டே உருவாக்கியது. ஜாவா, பைத்தான் ஆகிய நிரல்மொழிகள் இரண்டுக்கும் பயிற்சிக் கணக்குகள் உண்டு. இங்கே பார்ப்பது பைத்தான் பகுதியை மட்டும். கட்டணம் கிடையாது. பெயர் பதியாமலே தொடங்கலாம். பதிந்தால் முடித்தவை சேமிக்கப்படும்.

ஒவ்வொரு கணக்கிலும் ஃபங்ஷனின் (பெயர் சொல்லி அழைத்தால் ஓடும் நிரல் துண்டு) பெயரும் பாராமீட்டர்களும் (அது வாங்கும் மதிப்புகளுக்கான பெயர்கள்) கொண்ட முதல் வரி தயாராக இருக்கும். உடல் பகுதியை நிரப்பிப் பொத்தானை அழுத்தினால் பக்கத்தில் ஓர் அட்டவணை வரும்: எந்த மதிப்புகளோடு அழைத்தார்கள், என்ன வர வேண்டும், உங்களுடையது என்ன தந்தது. சரியானால் பச்சை, தவறினால் சிவப்பு. எடுத்துக்காட்டில் கொடுத்த விடைகளை மட்டும் இஃப் போட்டுத் திருப்பி அனுப்பித் தப்பிக்க முடியாது. கண்ணில் காட்டாத சோதனைகளும் பின்னால் ஓடுகின்றன.

இந்த அமைப்பின் பெரிய நன்மை, பிரிண்டுக்கும் (திரையில் காட்டுவது) ரிட்டர்னுக்கும் (அழைத்த இடத்துக்கு மதிப்பைத் திருப்பித் தருவது) உள்ள வேறுபாடு ஒரே நாளில் உறைத்துவிடும். விடையை பிரிண்ட் செய்துவிட்டு நிறுத்தினால் ஃபங்ஷன் திருப்பித் தருவது நன் (None, மதிப்பு எதுவும் இல்லை என்பதன் குறி) மட்டுமே. அட்டவணையில் எல்லா வரியும் சிவப்பு. சில வரிகள் பச்சை, சில வரிகளில் நன் என்றால் காரணம் வேறு: இஃப் கிளைக்குள் ரிட்டர்ன் இருக்கிறது, நிபந்தனை பொய்யாகும்போது போக வேண்டிய வழியில் இல்லை. மூன்றாவது வகைப் பிழை வார்ம்அப்-2 பகுதியில் வரும் அர்ரே_கவுண்ட்9 கணக்கில் வெளிப்படும். பட்டியலில் 9 எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும். ரிட்டர்ன் வரியை ஓர் இண்டெண்ட் (வரித் தொடக்க இடைவெளி) கூடுதலாகத் தள்ளி லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) வைத்துவிட்டால், முதல் உறுப்பைப் பார்த்ததுமே ஃபங்ஷன் முடிந்துவிடும். [1, 2, 9], [1, 9, 9] இரண்டுக்குமே 0 வரும். வர வேண்டியது 1, 2. விடை எல்லாம் ஒரே மாதிரி 0 அல்லது 1 என்று வந்தால் முதலில் ரிட்டர்னின் இண்டெண்டைப் பாருங்கள்.

தளத்தின் மிகச் சிறந்த பகுதி லாஜிக்-2. ஏழே கணக்குகள்தான், அவற்றில் இரண்டு, உதவி ஃபங்ஷன் ஒன்றைத் தனியாக எழுதி அதை அழைக்கச் சொல்கின்றன. நோ_டீன்_சம் கணக்கில் மூன்று எண்களைக் கூட்ட வேண்டும். 13 முதல் 19 வரையுள்ளவை 0 ஆகக் கொள்ளப்படும், 15, 16 மட்டும் விலக்கு. புதியவர்கள் உதவி ஃபங்ஷனைச் சரியாகவே எழுதுவார்கள். பிறகு முதன்மை ஃபங்ஷனில் அதை ஒரு தனி வரியில் அழைத்துவிட்டு, திரும்பி வந்த மதிப்பைப் பிடிக்காமல் பழைய எண்களையே கூட்டுவார்கள். (2, 13, 1) கொடுத்தால் 3 வர வேண்டிய இடத்தில் 16 வரும். உதவி ஃபங்ஷன் உள்ளே என்ன செய்தாலும் வெளியே இருக்கும் எண் மாறாது. திரும்பும் மதிப்பை ஒரு மாறியில் வாங்க வேண்டும், அல்லது அழைப்பையே கூட்டலுக்குள் எழுத வேண்டும். இன்னொரு வழுக்கல்: உதவி ஃபங்ஷனை முதன்மை ஃபங்ஷனுக்குள்ளேயே, ரிட்டர்னுக்குக் கீழே இண்டெண்ட் செய்து எழுதுவது. அது உருவாகும் முன்பே அழைப்பு நடந்துவிடுவதால் பிழைதான் வரும்.

ரவுண்ட்_சம் இன்னும் நயமானது. ஒவ்வோர் எண்ணையும் அருகிலுள்ள பத்துக்கு முழுமையாக்கிக் கூட்ட வேண்டும்: (16, 17, 18) என்றால் 60, (12, 13, 14) என்றால் 30, (6, 4, 4) என்றால் 10. அவசரக்காரர்கள் முதலில் கூட்டிவிட்டுப் பிறகு முழுமையாக்குவார்கள். முதலிரண்டுக்கும் 50, 40 என்று தவறு வரும். மூன்றாவது மட்டும் தற்செயலாகப் பச்சையாகிவிடும், ஏனென்றால் 14-ம் 10 ஆகத்தான் சுருங்கும். ஒரு பச்சை வரியை நம்பி வழிமுறை சரி என்று நினைக்கக் கூடாது. பைத்தானில் உள்ளமைந்த ரவுண்ட் இருக்கிறதே என்று அதை எடுத்தாலும் சிக்கல்: பைத்தான் 3-ல் அது சரிபாதியில் நிற்கும் எண்ணை இரட்டைப்படைப் பக்கம் தள்ளும், 25 என்பது 30 ஆகாமல் 20 ஆகிவிடும். பத்தால் வகுத்த மீதி 5 அல்லது அதற்கு மேலா என்று பார்த்து நீங்களே எழுதுவதே வழி.

குறை சொல்ல ஒன்று: சொற்சரம் (எழுத்துகளின் தொடர்) வாங்கும் கணக்குகள் பலவற்றில் பாராமீட்டரின் பெயரையே ஸ்டிர் என்று வைத்திருக்கிறார்கள். எண்ணைச் சொற்சரமாக மாற்றும் உள்ளமைந்த ஃபங்ஷனின் பெயரும் அதுவே. உள்ளே அதை அழைத்தால், சொற்சரத்தை அழைக்க முடியாது என்று பைத்தான் சண்டை பிடிக்கும். தொடக்கநிலைத் தளத்தில் தவிர்த்திருக்கலாம்.

இதைவிடப் பெரிய குறை, அந்த இரண்டு கணக்குகளை விட்டால் எழுதிய ஃபங்ஷனை நீங்கள் அழைக்கவே தேவையில்லை என்பது. அழைப்பைத் தளமே செய்துகொள்கிறது. ஆர்குமெண்ட் (அழைக்கும்போது கொடுக்கும் மதிப்பு) ஒன்று குறைந்தால் வரும் பிழை, அடைப்புக்குறி போட மறந்தால் மதிப்புக்குப் பதில் ஃபங்ஷனே கையில் வந்து நிற்பது, வரிசை மாறிப்போவது ஆகியவற்றை இங்கே சந்திக்கவே மாட்டீர்கள். வரிசை மாறுவதுதான் ஆபத்தானது. பேரட்_டிரபிள் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: கிளி பேசுகிறதா என்பது முதல் பாராமீட்டர், மணி இரண்டாவது, கிளி பேசுவதோடு மணி 7-க்கு முன்னோ 20-க்குப் பின்னோ இருந்தால் ட்ரூ (உண்மை). (ட்ரூ, 7) என்று அழைத்தால் ஃபால்ஸ் (பொய்). மாற்றி (7, ட்ரூ) என்று அழைத்தால் எந்தப் பிழைச்செய்தியும் வராமல் ட்ரூ என்று வரும். பைத்தான் 7-ஐ உண்மையாகக் கொள்ளும், ட்ரூவை 1 மணியாக எண்ணும். பாராமீட்டரின் பெயரைச் சொல்லி அழைத்தால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அதைப் பழக இங்கே இடமே இல்லை.

ஆகவே பச்சையானதும் அடுத்த கணக்குக்குத் தாவாமல், ஃபங்ஷனை நகலெடுத்து பைத்தான் டியூட்டரில் ஒட்டுங்கள். நிரல் ஓடுவதைப் படிப்படியாகப் படம்போல் காட்டும், பிலிப் குவோ உருவாக்கிய இலவசக் கருவி அது. கீழே இரண்டு அழைப்புகளை நீங்களே எழுதி, திரும்பும் மதிப்பை மாறியில் வாங்கி, ஒவ்வொரு படியாக முன்னே தள்ளிப் பாருங்கள். ரவுண்ட்_சம் ஓடும்போது உதவி ஃபங்ஷனுக்கு மூன்று முறை புதுப் பெட்டி (ஃபிரேம்) திறக்கும், அதற்குள் 16, 17, 18 என்று மாறி மாறி உட்காரும், மதிப்பைத் தந்ததும் பெட்டி மறையும். நோ_டீன்_சம் கணக்கில் வெளியே இருக்கும் 13 ஏன் மாறவில்லை என்பதும் அங்கேதான் கண்ணுக்குத் தெரியும். நீண்ட லூப்புகளுக்கு அது ஏற்றதல்ல. குறிப்பிட்ட படிகளுக்கு மேல் நிறுத்திவிடும்.

கோடிங்பேட்டில் வரிசையாக எல்லாவற்றையும் முடிக்கும் பிடிவாதம் வேண்டாம். வார்ம்அப்-1, லாஜிக்-1 இரண்டிலும் பாதி, வார்ம்அப்-2 முழுவதும், பிறகு லாஜிக்-2. இயல்பு மதிப்புள்ள பாராமீட்டர் (மதிப்பு கொடுக்காவிட்டாலும் தானே ஒன்றை வைத்துக்கொள்வது), டிக்ஷனரி (பெயருக்கு ஒரு மதிப்பு என்று இணைத்து வைக்கும் தொகுப்பு) போன்றவை பைத்தான் பகுதியில் இல்லை; அவற்றுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும்.