வெல்லத்தோட வயித்து வழுக்கை: ரெண்டு வருஷ அனுபவம்

எங்க வீட்டுப் பூனை பேரு வெல்லம். ஆரஞ்சு கலரு, ஆம்பள, கருத்தடை ஆபரேஷன் முடிஞ்சவன், அப்ப அவனுக்கு மூணு வயசு. அம்பத்தூர்ல ரெண்டாவது மாடி வாடகை வீடு, அவன் வாசப்படி தாண்டினதே கிடையாது. 2023 ஜூன்ல ஒருநாள் ஃபேனுக்குக் கீழ மல்லாந்து படுத்துக் கெடந்தப்ப பாக்குறேன், வயிறு மொத்தமும் மொழுக்குனு இருக்கு, தொடை உள்பக்கம் ரெண்டு சைடும் அதே கதை, உரிச்ச கோழி மாதிரி. புண்ணு இல்ல, சிவப்பு இல்ல, பொருக்கு இல்ல. நல்லா சாப்பிடுறான், நல்லா தூங்குறான், வீட்ல எங்கயும் கொத்துக்கொத்தா முடி உதிர்ந்தும் கெடக்கல. இந்தக் கடைசி விஷயத்தை அன்னைக்கே யோசிச்சிருந்தா எட்டு மாசமும் பதினாலாயிரம் ரூபாயும் மிச்சம் ஆயிருக்கும்.

அம்மா பாத்துட்டு "பல்லி எச்சம் பட்டிருக்கும்டா"ன்னாங்க. கீழ்வீட்டு அக்கா வந்து இது புழுவெட்டு தம்பி, சின்ன வெங்காயத்தை நறுக்கி அந்த இடத்துல தேய், பத்து நாள்ல முளைச்சிரும்னாங்க. மனுசன் தலைக்கு நம்ம ஊர்ல செய்யுறதுதான், ஆனா தயவு செஞ்சு பூனைக்கு இதை செஞ்சுடாதீங்க, ஏன்னா பூனை மேல நாம எதைத் தடவினாலும் அது கடைசில அது வயித்துக்குள்ளதான் போகும், வெங்காயம் பூனைக்கு விஷம், ரத்த சிவப்பணுவை உடைச்சிரும், பச்சையா இருந்தாலும் வேகவச்சாலும் பொடியா இருந்தாலும் அதே தான். பூண்டும் அப்படித்தான். நல்லவேளை அன்னைக்கு வீட்ல வெங்காயம் தீந்து போயிருந்துச்சு. இல்லன்னா நானே தேய்ச்சிருப்பேன், எனக்கும் அப்ப தெரியாது.

அதுக்கு பதிலா காசைக் கொட்டினேன். பயோட்டின் மாத்திரை, மீன் எண்ணெய் பம்ப் பாட்டில், முடி வளர்ற ஷாம்பூன்னு ஒண்ணு, அப்புறம் சும்மா இருக்க முடியாம செக்குத் தேங்காயெண்ணெய். எண்ணெயைத் தடவி முடிச்ச அடுத்த நிமிஷம் கால் ரெண்டையும் விரிச்சு உக்காந்து ஒரு சொட்டு விடாம நக்கி முடிச்சுட்டு மறுநாள் வயித்தால போச்சு அவனுக்கு. மீன் எண்ணெய்ல மேல் முடி கொஞ்சம் பளபளப்பாச்சு, அது உண்மை. வயித்துல ஒரு முடி கூட வரல.

அடுத்து பக்கத்துல இருக்கிற ஒரு கிளினிக். பேரு வேணாம். அவரு பாத்தாரு, "அலர்ஜி சார்"ன்னாரு, ஒரு ஊசி போட்டாரு. ஒரே வாரத்துல பஞ்சு மாதிரி முடி எட்டிப் பாக்க ஆரம்பிச்சதும் நான் அவரை தெய்வம்னே நெனச்சேன். ஆறு வாரத்துல திரும்ப வழுக்கை. திரும்ப ஊசி. இப்படி மூணு வாட்டி. மூணாவது ஊசிக்கு அப்புறம் இவன் தண்ணி கிண்ணத்தை விட்டு நகர மாட்டேங்குறான், மணல் தட்டுல ஈரம் டபுள் ஆயிடுச்சு, அப்பதான் பயந்து போய் கேக்குறேன், அது நீண்ட நாள் வேலை செய்யுற ஸ்டீராய்டாம். அரிப்புக்கு ஸ்டீராய்டு குடுக்குறது தப்பே இல்ல, பல பூனைகளுக்கு அது தேவைதான், ஆனா எதனால அரிக்குதுன்னு பாக்காம அதையே திரும்பத் திரும்பப் போட்டா பூனைக்கு சக்கர வியாதி வர வாய்ப்பு இருக்கு. வெல்லத்துக்கு சுகர் நார்மல்னு வந்துச்சு. பேரு வேற வெல்லமா, ரிசல்ட் வர்ற வரைக்கும் எனக்கு வயித்த கலக்குச்சு.

நாலாவது தடவை ஊசி வேணாம்னேன், அப்ப "இது மன அழுத்தம், வீட்ல யாராவது புதுசா வந்தாங்களா"ன்னு கேட்டாரு. யாரும் வரல. இருந்தாலும் பூனையை சாந்தப்படுத்தும்னு சொல்லி விக்கிற, பிளக்குல சொருகுற வாசனை மெஷின், விளையாட்டுச் சாமான், ஜன்னலோரம் ஒரு பலகைன்னு அதுக்கும் செலவு பண்ணேன். (பலகை மட்டும் நல்ல முதலீடு, இன்னைக்கும் அதுல உக்காந்து காக்காவைத் திட்டுறான்.) பின்னாடி படிச்சப்பதான் தெரிஞ்சுது, 2006ல ஒரு ஆய்வு வந்திருக்கு, மன அழுத்தத்தால முடியை நக்கி எடுக்குதுன்னு சந்தேகப்பட்ட 21 பூனைகளை முழுசா சோதிச்சுப் பாத்தா அதுல 16க்கு உடம்புலயே காரணம் இருந்திருக்கு, வெறும் மனசு மட்டும் காரணம்னு தேறினது ரெண்டே ரெண்டு, மிச்சம் மூணுக்கு ரெண்டும் கலந்து. அதாவது மன அழுத்தம்ங்கறது எல்லாத்தையும் பாத்து முடிச்ச பிறகு கடைசியா சொல்ல வேண்டியது. எங்களுக்கு எதையுமே பாக்காம சொல்லிட்டாங்க.

2024 பிப்ரவரில வேற ஒரு டாக்டர்கிட்ட போனேன். அந்த மேடம் மருந்தே எழுதல மொதல்ல. வழுக்கை ஓரத்துல இருந்து நாலஞ்சு முடியைப் பிடுங்கி கண்ணாடித் தகட்டுல ஒட்டி மைக்ரோஸ்கோப்ல வச்சு "வாங்க சார், நீங்களே பாருங்க"ன்னாங்க. தானா உதிர்ற முடியோட நுனி ஊசி மாதிரி கூரா முடியும், இவனோட முடி ஒவ்வொண்ணும் நுனில ஒடிஞ்சு, பழைய துடைப்பக் குச்சி மாதிரி பிசிறு பிசிறா இருந்துச்சு. "முடி கொட்டல சார், இவன் நக்கி ஒடிக்கிறான். வேர் நல்லா இருக்கு, விட்டா வளரும். முடி ஏன் வளரலன்னு யோசிக்காதீங்க, இவன் ஏன் நக்குறான்னு கேளுங்க"ன்னாங்க. பூனை நாக்குல முள்ளு முள்ளா இருக்கும்ல, சீப்பு மாதிரி, அதை வச்சு ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை இழுத்தா என்ன மிஞ்சும். அதுவும் நாம பாக்குறப்ப செய்யாது, ராத்திரி, கட்டிலுக்கு அடில. அதான் வீட்ல முடியும் கெடக்கல, எல்லாம் வயித்துக்குள்ள, வாரம் ரெண்டு வாட்டி முடி உருண்டையா வாந்தி எடுத்துட்டு இருந்தான், அதை நான் தனி வியாதின்னு நெனச்சு அதுக்கு வேற பேஸ்ட் வாங்கிக் குடுத்தேன்.

அடுத்து பல்லு நெருக்கமா இருக்கிற தெள்ளுச் சீப்பு ஒண்ணை எடுத்து வாலு ஆரம்பிக்கிற இடத்துல நாலு இழுப்பு இழுத்தாங்க. கறுப்பா மிளகுப்பொடி மாதிரி ரெண்டு மூணு துணுக்கு வந்துச்சு. நான் மண்ணுன்னு சொன்னேன். ஈர டிஷ்யூல வச்சு லேசா அழுத்தினாங்க, சுத்தி துருக்கலர்ல சிவப்பா ஊறி வந்துச்சு. தெள்ளுப்பூச்சியோட கழிவு, அதாவது அது குடிச்ச நம்ம பையனோட ரத்தம். வீட்ல எல்லாரும் செய்யலாம் இதை, பத்து பைசா செலவு இல்ல.

"வெளிய போகாத பூனைக்கு எப்படி மேடம்"னு கேட்டேன். எங்க அப்பார்ட்மென்ட் படிக்கட்டுல நாலு தெருப்பூனை படுக்கும், நாங்க எல்லாரும் அந்தப் படி மேலயே நடந்து வீட்டுக்குள்ள வர்றோம். அப்ப உடம்புல ஒரு பூச்சி கூட ஏன் கண்ணுல படல? நக்கி நக்கி முழுங்கிடுறான், அதனால. கடிச்ச பூச்சி செத்தே போனாலும், அதோட எச்சிலுக்கு அலர்ஜி இருக்கிற பூனைக்கு ஒண்ணு ரெண்டு கடி போதும், நாள்கணக்கா அரிக்கும். இன்னொரு கணக்கு சொன்னாங்க பாருங்க, அதுலதான் எனக்கு தலை சுத்துச்சு: உடம்புல இருக்கிற வளர்ந்த பூச்சி மொத்தத்துல நூத்துக்கு அஞ்சுதான், மீதி 95ம் முட்டையா, புழுவா, கூடா நம்ம வீட்டுத் தரையிலயும் பாய்லயும் சோபா இடுக்குலயும் இருக்கு, கூட்டுக்குள்ள இருக்கிறதை எந்த மருந்தும் சரியா தொடாது, மாசக்கணக்குல காத்திருந்து வெளிய வரும். அதனால ஒரு டோஸ் போட்டுட்டு சரியாகலன்னு விடுறது வேலைக்கே ஆகாது, குறைஞ்சது மூணு மாசம் விடாமப் போடணும், வீட்ல எத்தனை நாய் பூனை இருக்கோ அத்தனைக்கும் போடணும். நம்ம ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் தெள்ளுக்கு சீசன்னு ஒண்ணு கிடையாது, வருஷம் பூரா தீபாவளிதான் அதுக்கு.

எழுதிக் குடுத்தது செலாமெக்டின் சொட்டு மருந்து, மாசம் ஒரு தடவை, பிடரில. போடுறதுல ஒரு சூட்சுமம் இருக்கு, மொதல் மாசம் நான் முடி மேலயே ஊத்திட்டேன், பாதி மருந்து முடியில ஒட்டி வீணாப்போச்சு. முடியைப் பிரிச்சு வெள்ளையா தோலு தெரியணும், அங்க நுனியை வச்சு பிதுக்கணும், நாக்கு எட்டாத இடமா தலைக்குக் கீழ கழுத்துல. சாதா நாடாப்புழு மாத்திரையும் சேத்துக் குடுத்தாங்க, தெள்ளை முழுங்குற பூனைக்கு நாடாப்புழு வருமாம். ஆமா, அவன் படுக்குற துணியில காஞ்ச அரிசி மாதிரி ஒட்டிட்டு இருந்ததை நான் சோத்துப் பருக்கைன்னு தட்டி விட்டிருக்கேன்.

மருந்து வாங்கப் போன கடையில ஒருத்தர், பூனைது ஸ்டாக் இல்ல சார், நாய்க்குள்ளதை எடுத்துட்டு பாதி போடுங்க, ஒண்ணும் ஆகாதுன்னாரு. அட்டையைத் திருப்பிப் பாத்தா பெர்மெத்ரின். நாய்க்கு அது சாதாரண மருந்து, பூனையோட ஈரலால அதை உடைக்க முடியாது, நடுக்கம் வந்து வலிப்பு வந்து உயிரே போயிடும். பாதி இல்ல, கால்வாசியும் கூடாது. பாராசிட்டமாலும் இதே ஜாதிதான், ஒரு மாத்திரை போதும் பூனையைக் கொல்ல. இந்த ஒரு பத்தியை மட்டுமாவது பூனை வளக்குற சொந்தக்காரங்களுக்கு அனுப்பி வைங்க.

ரிசல்ட் எப்படின்னா, மொதல் மாசம் முடி வரவே இல்ல, நான் சோர்ந்துட்டேன், ஆனா அம்மா கவனிச்சாங்க, "ராத்திரி சப்புசப்புன்னு ஒரு சத்தம் கேக்குமே, அது இப்ப காணோம்டா"ன்னாங்க. ஆறாவது வாரம் வயித்துல கையை வச்சா ரெண்டு நாள் தாடி மாதிரி சொரசொரன்னு இருந்துச்சு. நாலாவது மாசம் வெல்வெட். இடது தொடையில மட்டும் அஞ்சு ரூபா காசு அளவுக்கு ஒரு இடம் பிடிவாதமா வழுக்கையாவே இருந்துச்சு.

அதுக்குத்தான் நக்க விடாம கழுத்துல மாட்டுற கூம்பும், சாப்பாடு ஒத்துக்கலையான்னு பாக்குற சோதனையும். கூம்பு பத்தி: கோயில் திருவிழா ஸ்பீக்கரை தலைல மாட்டின மாதிரி கதவு, பீரோ, கேஸ் சிலிண்டர் எல்லாத்துலயும் இடிச்சுக்கிட்டே போனான், மூணு வாரத்துல அந்த இடத்துல முடி வந்துச்சு, கழட்டின நாலாம் நாள் போச்சு. வைத்தியமா அதுக்கு சைபர் மார்க், வேர் உயிரோட இருக்குங்கறதுக்கு சாட்சியா நூத்துக்கு நூறு. சாப்பாட்டு சோதனைன்னா எட்டு வாரம் டாக்டர் சொன்ன ஒரே சாப்பாடு, வேற எதுவும் வாயில படக்கூடாது. அஞ்சாவது வாரம் பாத்ரூம் போக எழுந்தேன், அடுப்படில லைட்டு எரியுது, அம்மா கீழ உக்காந்து வறுத்த நெத்திலித் தலையை ஒண்ணொண்ணா ஊட்டிட்டு இருக்காங்க. "அந்த உருண்டையை மனுசன் திம்பானாடா, பாவம்டா வாயில்லா ஜீவன்"ங்கறாங்க. திரும்ப மொதல் வாரத்துல இருந்து. முடிவுல சாப்பாடு காரணம் இல்லன்னு தெரிஞ்சுது. காரணம் அம்மா கட்டிலுக்கு அடில சுருட்டி வச்சிருந்த பழைய ஜமக்காளம், இவன் பகல்ல தூங்குறதே அது மேலதான், நாங்க ஒருத்தரும் அதை எடுத்துத் துவைக்கவே இல்ல. சுடுதண்ணில ஊறப்போட்டு மொட்டைமாடி வெயில்ல மூணு நாள் காயப்போட்டேன், கட்டிலடியை தினம் வாக்குவம் போட்டேன், ரெண்டு மாசத்துல அந்தக் காசு வட்டமும் மூடிருச்சு.

அந்த தீபாவளிக்கு திருநெல்வேலி போனோம், வந்தோம், ரெண்டு மாசம் மருந்து போட மறந்தாச்சு. டிசம்பர்ல திரும்ப சப்பு சப்பு.

2025 ஜனவரில படிக்கட்டுல இருந்து ஒரு கறுப்புக் குட்டியை அம்மா தூக்கிட்டு வந்துட்டாங்க, அது வேற பாடம். அதுக்கு காதோரமும் முன்னங்காலும் வட்டமா முடி போய் சாம்பல் மாதிரி செதில். நான் பெரிய அனுபவசாலி மாதிரி தெள்ளுன்னு முடிவு பண்ணிட்டேன். பத்து நாள்ல என் முழங்கையில சிவப்பா ஒரு வளையம், அம்மாவுக்கு கழுத்துல ரெண்டு. படர்தாமரை! மேடம் ஊதா லைட் அடிச்சுப் பாத்தாங்க, குட்டியோட முடி பச்சையா மின்னுச்சு, ஆனா மின்னலன்னா பூஞ்சை இல்லன்னு அர்த்தம் கிடையாதாம், அதனால முடியை கல்ச்சருக்கும் (பூஞ்சை வளருதான்னு லேப்ல வச்சுப் பாக்குற டெஸ்ட்) அனுப்பினாங்க, ரிசல்ட் வர ரெண்டு மூணு வாரம் ஆகும். பூஞ்சையைக் கொல்ற இட்ராகோனசோல் சிரப்பு ஒரு வாரம் குடு, ஒரு வாரம் விடு, அப்படி மூணு சுத்து, குட்டி தனி ரூம்ல. இங்க முடி நெஜமாவே ஒடிஞ்சு வீடு முழுக்க விழும், அதுல இருக்கிற வித்து ஒன்றரை வருஷம் வரைக்கும் உயிரோட இருக்கும், தினம் கூட்டித் துடைக்கிறதுதான் பாதி வைத்தியம். உங்களுக்கு ஒட்டிக்கிச்சுன்னா மெடிக்கல்ல குடுக்குற ஸ்டீராய்டு கலந்த க்ரீமைத் தடவாதீங்க, அப்போதைக்கு அடங்கி அப்புறம் பரவும், தோல் டாக்டரைப் பாருங்க. வெல்லத்துக்கு ஒட்டல, அதுவே பெரிய விஷயம்.

கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல முடி கம்மியா இருக்குன்னு என் ஆபீஸ் பையன் ஒருத்தன் போட்டோ அனுப்பினான், அது எல்லாப் பூனைக்கும் அப்படித்தான், விட்டுருங்க. காது விளிம்புல தடிமனா பொருக்கு கட்டி வெறி பிடிச்ச மாதிரி சொறிஞ்சா அது சொறிப்பூச்சியா இருக்கலாம். அடிவயித்தை மட்டும் நக்கிட்டு மணல் தட்டுக்கு அடிக்கடி போய் முக்கினா அது தோல் பிரச்சினையா இல்லாம மூத்திரப்பை வலியா இருக்கலாம். ஆம்பளப் பூனைக்கு மூத்திரம் சுத்தமா வரலன்னா காலைல போலாம்னு இருக்காதீங்க, அன்னைக்கு ராத்திரியே தூக்கிட்டு ஓடுங்க.

இப்ப அடுப்படி காலண்டர்ல மாசாமாசம் 5ஆம் தேதில அம்மா ஒரு பூனை மூஞ்சி வரைஞ்சு வச்சிருக்காங்க, பால் கணக்குக்குப் பக்கத்துல. வயிறு முழுசா முடி, தொங்குதசை வேற சேந்து நடந்தா ஆடுது. நாளைக்கு மருந்து நாள். வழக்கமா பெட்டியைத் தொறக்குற சத்தம் கேட்டதும்தான் பீரோ மேல ஏறுவான், இன்னைக்கு சாயங்காலமே ஏறி உக்காந்துட்டு என்னையே பாத்துட்டு இருக்கான்.