கூடிப் பேசுவதா, ஒப்பந்தம் போடுவதா?

அக்கம்பக்கத்து உள்ளூர் மனித உரிமை ஆணையங்கள் சேர்ந்து வேலை செய்ய இரண்டு வழிகள் உண்டு: அவ்வப்போது கூடிப் பேசுவது, எழுத்தில் ஒப்பந்தம் போடுவது.

கூடிப் பேச அதிகச் செலவில்லை, உடனே தொடங்கலாம். 1996இல் டார்வின் நகரில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா, இந்தோனேசியா ஆகியவற்றின் தேசிய ஆணையங்கள் கூடியதிலிருந்துதான் தேசிய மனித உரிமை ஆணையங்களின் கூட்டமைப்பான ஆசிய பசிபிக் மன்றம் வளர்ந்தது. ஆனால் பழகிய அதிகாரி மாற்றலாகிப் போனால் தொடர்பும் அறுந்துவிடும்.

ஒப்பந்தத்தின் அருமை புகார் கொடுப்பவருக்குத்தான் தெரியும். ஒருவர் ஓர் ஊரில் குடியிருக்கிறார், அடுத்த ஊரில் வேலை பார்க்கிறார், அங்கே பாகுபாடு நடக்கிறது. "எங்கள் எல்லை இல்லை" என்று இரண்டு ஊர் ஆணையங்களும் மாறி மாறித் திருப்பி அனுப்பினால், அவர் அலைந்துகொண்டிருக்கும்போதே புகார் கொடுக்கும் காலக்கெடு முடிந்துபோகலாம். இது பெரிய அநியாயம். சட்டம் இடம் கொடுத்தால், முதலில் மனு வந்த நாளையே இரு ஆணையங்களும் ஏற்கும் என்று எழுதிவைக்க வேண்டும். அப்புறம், அவருடைய விவரங்களைச் சம்மதம் இல்லாமல் பகிரக்கூடாது. ரகசியம் கசிந்தால் அவருடைய வேலையே போய்விடலாம்.

ஒப்பந்தம் தயாராக நாளாகும் என்பது உண்மைதான். அதோடு, சில ஆணையங்களுக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரம் மட்டுமே இருக்கும், விசாரிக்க முடியாது; அதனால் எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதிவிட முடியாது.

பயிற்சிக்கும் விழிப்புணர்வுக்கும் கூட்டமே போதும். புகார் கைமாறும் இடத்துக்கு மட்டும் ஒரே பக்கத்தில் அடங்கும் சின்ன ஒப்பந்தத்தை முதலில் போட்டுவிடுங்கள், மற்றதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.